மாட்டுங்காவில் ஒரு வாடகை நூலகமும் அதன் வாழ்க்கை வரலாற்று அலமாரியும்

மும்பையில் தமிழ்ப் புத்தகங்களை வாடகைக்குக் கொடுக்கும் இடங்கள் அருகிவிட்ட காலத்தில், மாட்டுங்கா கிழக்கில் ஓர் ஒற்றை அறையில் இன்றும் நடந்துவரும் ஒரு சிறு நூலகத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று வெகுநாளாக எண்ணியிருந்தேன். அதை நடத்தும் பெரியவர் தம் பெயரையும் நூலகத்தின் பெயரையும் குறிப்பிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இரண்டையும் தவிர்க்கிறேன். மாட்டுங்கா மார்க்கெட்டில் வாழையிலையும் பூவும் விற்பவர்களிடம் தமிழ் லைப்ரரி என்று கேட்டால் வழி சொல்லிவிடுவார்கள். தொடர்கதை பைண்டிங்குகள், நாவல்கள், ஆன்மிகம், சமையல் என எங்கும் கிடைப்பவை இங்கும் கிடைக்கின்றன. அவற்றில் தனித்துச் சொல்ல ஒன்றுமில்லை. இந்த மதிப்புரை, வாசலுக்கு நேர் எதிரே நிற்கும் வாழ்க்கை வரலாற்று அலமாரியை மட்டுமே பற்றியது. தமிழில் வாழ்க்கை வரலாறு படிக்க விரும்பும் மும்பைவாசி ஒருவருக்கு இதைவிட நல்ல இடத்தை என்னால் பரிந்துரைக்க இயலாது.

அலமாரியின் சிறப்பு எண்ணிக்கையில் இல்லை, அடுக்கியிருக்கும் முறையில் இருக்கிறது. பெரும்பாலான நூலகங்களில் ஆசிரியர் பெயரின் அகரவரிசையே வழக்கம். இங்கே ஒருவரைப் பற்றிய எல்லாப் புத்தகங்களும் ஒரே இடத்தில் நிற்கின்றன: பள்ளிப் பிள்ளைகளுக்கான மெல்லிய புத்தகம் முதலில், விரிவான வரலாறு அடுத்து, அவரே எழுதிய தன்வரலாறோ கடிதங்களோ இருந்தால் அவை அதற்கும் அடுத்து. ஒவ்வொரு புத்தகத்தின் முன்னட்டை உட்புறத்திலும் பழுப்புத் தாளில் ஒரு சீட்டு ஒட்டப்பட்டிருக்கிறது. அதில் பெரியவர் தம் கையெழுத்தில் ஆண்டுகளையும், அந்தந்த ஆண்டில் நூலின் நாயகருக்கு என்ன வயது என்பதையும் எழுதி வைத்திருக்கிறார். விருதுகளும் பட்டங்களும் அதில் இல்லை. சாதனையாளரின் வாழ்வில் எது எத்தனை காலம் பிடித்தது என்பதை வாசகர் முதலில் காண வேண்டும் என்பது அவருடைய எண்ணம். வாழ்க்கை வரலாறு படிப்பதால் நமக்குக் கிடைக்கும் முதன்மையான பயன் இதுதான் என்று நானும் நம்புகிறேன். முடிவு தெரிந்த நமக்கு அந்த வாழ்க்கை ஒரு நேர்க்கோடாகத் தோன்றுகிறது. வாழ்ந்தவருக்கோ அடுத்த மாதம் என்ன ஆகும் என்பதுகூடத் தெரியாது.

உ.வே.சாமிநாதையரின் தன்வரலாற்றுக்குள் ஒட்டியிருக்கும் சீட்டை எடுத்துக்கொள்வோம். 1880 – 25 வயது, 1887 – 32 வயது என்று இரண்டு வரிகள் அதில் உள்ளன. முதல் வரி, கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்த அவர், அவ்வூரில் முன்சீபாக இருந்த சேலம் இராமசாமி முதலியாரைச் சந்தித்த ஆண்டு. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர், தாம் படித்த அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ் வகைகளை அடுக்கிச் சொல்ல, முதலியார் அவற்றால் சற்றும் அசையாமல், சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்ட நிகழ்ச்சி பலரும் அறிந்தது. இரண்டாம் வரி, சமணக் காப்பியமான அந்தச் சிந்தாமணி அச்சாகி வெளிவந்த ஆண்டு. இடைப்பட்ட ஏழு ஆண்டுகளில் ஏடு தேடி அலைந்ததும், சைவச் சூழலில் வளர்ந்தவர் சமண சமயக் கருத்துகளை அறிய அவ்வூர்ச் சமணர் வீடுகளுக்குச் சென்று கேட்டுத் தெளிந்ததும், அச்சுக் கூலிக்குப் பணம் திரட்டியதும் அந்நூலில் நிதானமாகச் சொல்லப்படுகின்றன. பாடப்புத்தகம் இவை அனைத்தையும் 'பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்தார்' என்று ஒரே வரியில் கடந்துவிடுகிறது. அந்த வரியைப் படிக்கும் மாணவருக்கு அவர் மீது மரியாதை ஏற்படலாம். ஒரு நூலைப் பதிப்பிப்பதற்கு என்ன செய்ய வேண்டும் என்பது தெரியவராது. ஆனந்த விகடனில் 1940 முதல் தொடராக வந்த அந்தத் தன்வரலாறு, 1942இல் அவர் மறைந்தபோது 1899ஆம் ஆண்டு நிகழ்ச்சிகளோடு நின்றுபோயிருந்தது. எனவே அதன் பக்கத்திலேயே அவருடைய மாணவர் கி.வா.ஜகந்நாதன் எழுதிய வரலாற்றை வைத்திருப்பது, அலமாரியை அமைத்தவரின் வாசிப்பைக் காட்டுகிறது.

நான் அங்கிருந்த ஒரு மாலையில், தாராவியிலிருந்து வரும் கல்லூரி மாணவர் ஒருவர் வ.உ.சிதம்பரனாரைப் பற்றிய மெல்லிய புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "அண்ணாச்சி, செக்கு இழுத்தது வரைக்கும் பள்ளிக்கூடத்திலேயே படிச்சாச்சு. வெளியே வந்த பிறகு என்ன ஆனார்னு இருக்கிற புத்தகம் வேணும்" என்றார். "மேல் தட்டுல பச்சை அட்டை போட்டது இருக்கு, எடுத்துக்கோ தம்பி. படிச்சிட்டு வா, அடுத்தது தாரேன்" என்று பதில் வந்தது. அந்த மாணவர் கேட்டது மிகச் சரியான கேள்வி. சுதேசிக் கப்பல் கம்பெனி 1906இல் தொடங்கியதும், கப்பல் வாங்குவதற்காக அவர் இதே பம்பாய்க்கு வந்ததும், 1908இல் இரட்டை ஆயுள் தண்டனை பெற்றதும், மேல்முறையீட்டில் அது குறைந்ததும் எல்லாப் புத்தகங்களிலும் உண்டு. 1912 டிசம்பரில் கண்ணூர்ச் சிறையிலிருந்து வெளியே வந்தபோது அவருக்கு 40 வயது; கம்பெனி கலைக்கப்பட்டிருந்தது, வக்கீல் தொழிலுக்கான உரிமமாகிய சன்னது பறிக்கப்பட்டிருந்தது. அதன் பிறகு ஏறத்தாழ 24 ஆண்டுகள் வாழ்ந்தார். சென்னையில் கடை வைத்துப் பிழைக்க முயன்ற வறுமையும், சன்னதைத் திரும்பப் பெற உதவிய வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதியின் நினைவாகத் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்ட நன்றியுணர்வும், தொல்காப்பிய இளம்பூரணர் உரைப் பதிப்பிலும் திருக்குறள் உரையிலும் செலுத்திய உழைப்பும் அந்த ஆண்டுகளுக்குரியவை. ஆங்கிலேய ஆட்சியை எதிர்த்துச் சிறை சென்றவர் ஓர் ஆங்கிலேயரின் பெயரை மகனுக்குச் சூட்டியதைப் படிக்கும்போது, எதிர்ப்பையும் பகையையும் அவர் எப்படிப் பிரித்து வைத்திருந்தார் என்பது புலப்படுகிறது. செக்கோடு முடியும் புத்தகத்தில் இதற்கு இடமே இல்லை.

அலமாரியில் எனக்கு மிகவும் பிடித்த தட்டு கணிதமேதை இராமானுஜனுடையது. அங்கேதான் சுருக்கத்துக்கும் விரிவுக்கும் உள்ள வேறுபாடு அப்பட்டமாகத் தெரிகிறது. சுருக்கமான நூல்களில், எஃப்.ஏ. என்ற கல்லூரித் தேர்வில் தோற்ற இளைஞர் 1912இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் எழுத்தராகச் சேர்கிறார். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுதுகிறார். 1914 மார்ச்சில் கப்பலேறுகிறார். 1918இல் ராயல் சொசைட்டி உறுப்பினராகிறார். நோயோடு திரும்பி 1920 ஏப்ரலில் 32 வயதில் மறைகிறார். கதை அங்கே முடிகிறது. விரிவான நூல்களில் ஜானகி அம்மாள் இருக்கிறார். கணவர் இறந்தபோது இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த அவர், தம் சகோதரருடன் சில ஆண்டுகள் இந்தப் பம்பாயில் வசித்துத் தையலும் பூவேலையும் கற்றுக்கொண்டு, பின்பு திருவல்லிக்கேணியில் அத்தொழிலாலேயே தம்மைக் காத்துக்கொண்டு, ஒரு பிள்ளையைத் தத்தெடுத்து வளர்த்து, 1994 வரை வாழ்ந்தார். இராமானுஜன் 1919 மார்ச் 27 அன்று இங்கிலாந்திலிருந்து வந்து இறங்கியதும் பம்பாய்த் துறைமுகத்தில்தான். வரவேற்கத் தாயார் வந்திருந்தார். மனைவி அங்கு இல்லை. மாமியார்–மருமகள் மனத்தாங்கலால் அந்தக் குடும்பத்தில் கடிதங்கள்கூட உரியவரிடம் போய்ச் சேராத நிலை இருந்ததை விரிவான வரலாறுகள் மறைக்காமல் சொல்கின்றன. மேதையைப் போற்றுவதற்காக மட்டும் எழுதப்பட்ட நூல் இவற்றை அநாவசியம் என்று விட்டுவிடும். ஆனால் ஒரு மனிதர் ஐந்தாண்டுகள் அந்நிய நாட்டில் என்ன மனநிலையில் வேலை செய்தார் என்பதை அறிய இவற்றைவிட அவசியமானது வேறில்லை.

அம்பேத்கர் தட்டு, இந்நகரத்து வாசகருக்குக் கூடுதல் நெருக்கம் தரும். கொலம்பியாவில் படித்துவிட்டு 1917இல் திரும்பியவருக்குப் பரோடாவில் தங்க இடம் கிடைக்காமல் போனதும், பார்சிகளின் விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டதும், பம்பாய்க்குத் திரும்பி சைடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியரானதும் வரிசையாக வருகின்றன. புத்தகங்களுக்கென்றே இடம் ஒதுக்கி அவர் கட்டிய ராஜகிருகம், இந்த நூலகத்திலிருந்து நடந்தே போகக்கூடிய தாதர் இந்து காலனியில் உள்ளது. வாசித்த பக்கத்தில் வரும் தெருவை அன்றைக்கே நேரில் பார்க்க முடிவது ஒரு பெரிய வாய்ப்பு. தனஞ்சய் கீர் எழுதிய வரலாறு 1954இல், அதாவது அம்பேத்கர் உயிரோடு இருந்தபோதே வெளிவந்தது. அதன் தமிழ்ப் பெயர்ப்பை எடுப்பவர்கள் இதை நினைவில் கொள்வது நல்லது, ஏனெனில் சமகாலத்தவர் எழுதும் வரலாற்றுக்கும் பிற்காலத்தவர் ஆவணங்களைத் திரட்டி எழுதும் வரலாற்றுக்கும் தொனி வேறுபடும். அருகருகே வைத்துப் படித்தால் நாயகரைப் பற்றி மட்டுமல்லாமல் எழுதியவரைப் பற்றியும் தெரிந்துகொள்ளலாம்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். பெண்களின் வரலாறுகள் வெகு குறைவு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியைப் பற்றி ஒரே ஒரு மெல்லிய நூல் இருக்கிறது. 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1920களில் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்து, அதே நோய்க்கான மருத்துவமனையை 1954இல்தான் அடையாறில் திறக்க முடிந்த ஒரு வாழ்க்கைக்கு அது போதவே போதாது. கல்யாணில் பிறந்து 1886இல் அமெரிக்காவில் மருத்துவப் பட்டம் பெற்று மறு ஆண்டே மறைந்த ஆனந்திபாய் ஜோஷியைப் பற்றி ஒன்றுமே இல்லை. மராட்டிய ஆளுமைகளைத் தமிழில் அறிமுகப்படுத்த இந்த ஊர்த் தமிழர்களைவிடப் பொருத்தமானவர் யார் இருக்கிறார்கள்? அடுத்தது, சிறு பதிப்பகங்களின் அவசரத் தயாரிப்புகள் சில தட்டை அடைத்துக்கொண்டிருக்கின்றன. பிறந்த ஊரில் தொடங்கிப் புகழாரத்தில் முடியும் அவற்றில் நாயகர் ஒரு தவறான முடிவுகூட எடுப்பதில்லை, யாரிடமும் கடன்படுவதில்லை, எவரோடும் பிணங்குவதில்லை. பிள்ளைகளுக்கு இவற்றைக் கொடுத்தால், அப்பழுக்கற்றவர்களால் மட்டுமே எதையும் செய்ய முடியும் என்ற எண்ணம் ஏற்பட்டுவிடும் என்று அஞ்சுகிறேன். பெரியவரிடம் இதைச் சொன்னபோது, பெற்றோர்கள் அவற்றைத்தான் கேட்டு வாங்கிப் போகிறார்கள் என்றார். ஆகவே பொறுப்பு நம்மிடமும் இருக்கிறது.

நடைமுறை விவரங்கள்: திரும்பப் பெறக்கூடிய வைப்புத்தொகை 500 ரூபாய், மாதச் சந்தா 150 ரூபாய், ஒரே நேரத்தில் இரண்டு புத்தகங்கள். மாலை ஐந்து முதல் எட்டரை வரை திறந்திருக்கும், திங்கட்கிழமை விடுமுறை. தடித்த வரலாறுகளுக்கு மட்டும் ஒரு மாதம் வரை தவணை தருகிறார்கள். வாடகை நூலகங்களில் இது அரிய சலுகை. அறை சிறியது, மின்விசிறி ஒன்றுதான், உட்கார்ந்து படிக்க வசதியில்லை. மழைக்காலத்தில் பாலித்தீன் பை கொண்டு போவது நல்லது, ஏனெனில் பழைய பைண்டிங்குகள் நனைந்தால் மீளா. முதன்முறை போகிறவர்கள் வ.உ.சி.யின் மெல்லிய புத்தகத்தையும் பச்சை அட்டைப் புத்தகத்தையும் ஒன்றாக எடுத்து, முதலாவதை ஒரே அமர்வில் முடித்துவிட்டு இரண்டாவதை 1912ஆம் ஆண்டிலிருந்து படிக்கத் தொடங்கலாம்.