கேட்பது வேறு, குறித்துவைப்பது வேறு: சாதா கால் முதல் சிக்னல் வரை

மார்த்தாண்டத்தில் மேம்பாலம் வருவதற்கு முன்பிருந்தே எனக்குப் போன் ரிப்பேர் கடை. டிஸ்ப்ளே மாற்ற எவ்வளவு ஆகும் என்பதற்கு அடுத்தபடியாகக் கடையில் அதிகம் கேட்கும் கேள்வி, எதில் பேசினால் போலீசுக்குத் தெரியாது என்பதுதான். போன வாரமும் ஒரு தம்பி வந்தான். கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேரில் அணுக் கனிம மணல் எடுக்கத் திட்டம் போட்டிருக்கிறார்களே, அதை எதிர்க்கும் ஊர்க் கமிட்டியில் ஓடியாடி வேலை பார்க்கிறவன். சார்ஜிங் பின் மாற்றக் கொடுத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

“அண்ணே, கமிட்டில எல்லாரும் டெலிகிராமுக்கு மாறிரலாம்னு சொல்லுகாவ. அதுல பேசுனா சர்க்காரு கேக்காதாமே?”

“நீ பேசுனத எதுக்கு மக்கா கேக்கணும்? ஆரிட்ட பேசுனன்னு தெரிஞ்சா போதாதா?” என்றேன்.

அவன் முழித்தான். பின் மாற்றி முடிப்பதற்குள் சொல்லித் தீராத விஷயம் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

சாதா காலில் தொடங்குவோம். ஒரு கால் போட்டால் கம்பெனி சர்வரில் ஒரு வரி விழும். உன் நம்பர், எதிர் நம்பர், தேதி, நேரம், எத்தனை நொடி, தொடங்கும்போது பிடித்திருந்த டவர், முடியும்போது பிடித்திருந்த டவர், கூடவே போனின் ஐ.எம்.இ.ஐ. எண்ணும் சிம்மின் ஐ.எம்.எஸ்.ஐ. எண்ணும். இதைத்தான் சி.டி.ஆர். என்கிறார்கள். பேச்சு அதில் இருக்காது. 2021 டிசம்பரில் உரிம விதியைத் திருத்தியதிலிருந்து கம்பெனிகள் இதைக் குறைந்தது 2 வருஷம் வைத்திருக்க வேண்டும். அதற்கு முன்பு 1 வருஷம்தான்.

பேச்சே இல்லாத தாளில் என்ன தெரிந்துவிடும் என்று நானும் நினைத்திருந்தேன். குழித்துறை கோர்ட்டில் வேலை பார்க்கும் வக்கீல் நண்பர் ஒருநாள் பழைய வழக்குத் தாள் ஒன்றை, நம்பர்களை விரலால் மறைத்துக்கொண்டு காட்டினார். ஓரத்தில் பென்சிலால் யார் யார் என்று குறித்திருந்தது. இரவு 1.52, 108, 70 நொடி. 2.05, அண்ணன், 20 நொடி. அதற்கப்புறம் டவர் மாறுகிறது, ஆஸ்பத்திரிப் பக்கம். 3.40, அக்காள், 11 நொடி. அடுத்தடுத்து ஆறு உறவுக்காரர்கள், எல்லாம் 15 நொடிக்குள். 5.10, பந்தல்காரர். அந்த வீட்டில் அன்று விடியுமுன் யார் போனார்கள் என்பதைத் தவிர எல்லாமே அந்தப் பத்து வரியில் இருந்தது. அதைப் பார்த்த பிறகு, ‘சும்மா நம்பர் லிஸ்ட்தானே’ என்று யார் சொன்னாலும் எனக்கு எரிச்சல் வருகிறது.

இனி, பேச்சைக் கேட்பதற்கும் இந்தத் தாளை வாங்குவதற்கும் உள்ள வாசலை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒட்டுக்கேட்க வேண்டுமானால் உள்துறைச் செயலாளர் உத்தரவு வேண்டும். 1885-ம் வருஷத் தந்திச் சட்டத்தின் 5(2) பிரிவு இருந்த இடத்தில் இப்போது 2023-ம் வருஷத் தொலைத்தொடர்புச் சட்டம். 2024 டிசம்பரில் அதற்கான விதிகள் வந்தன. ஒரு உத்தரவுக்கு 60 நாள் ஆயுள், நீட்டித்தாலும் 180 நாளைத் தாண்டக் கூடாது. மாநிலத்தில் தலைமைச் செயலாளர் தலைமையிலான குழு சரிபார்க்கும். உத்தரவு போடுகிறவரும் அதிகாரி, சரிபார்க்கிறவர்களும் அதிகாரிகள். நடுவில் நீதிபதி என்று ஒருவர் கிடையாது. மத்திய அரசு மட்டும் மாதத்துக்குச் சராசரியாக 7,500 முதல் 9,000 உத்தரவு போடுகிறது என்று 2013-ல் தகவல் உரிமைச் சட்டத்தில் வந்த பதில் சொன்னது.

இதையே பெரிய காவல் என்று சொல்ல முடியாது. ஆனால் சி.டி.ஆருக்கு இதுவும் இல்லை. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 91-ம் பிரிவில், இப்போதைய பி.என்.எஸ்.எஸ். 94-ம் பிரிவில், ஒரு நோட்டீஸ் போதும். எதிர்க்கட்சித் தலைவராக இருந்த அருண் ஜெட்லியின் கால் லிஸ்ட்டை எடுக்கப் பார்த்து டெல்லி போலீஸ்காரர் ஒருவரே 2013-ல் மாட்டிக்கொண்டார். அதற்கப்புறம்தான் எஸ்.பி. அந்தஸ்துக்குக் கீழே யாரும் கேட்கக் கூடாது என்று உள்துறை கட்டுப்பாடு போட்டது. ஜெட்லிக்கே அந்தக் கதி. மாதத்துக்கு ஒருவராவது என் கடைக்கு வந்து “பெண்டாட்டி நம்பருக்கு லிஸ்ட் எடுத்துத் தருவியா” என்று கேட்கிறார்கள். தாணேயில் 2018-ல் தனியார் துப்பறிவாளர்கள் இதற்காகக் கைதான கதையைச் சொல்லி அனுப்பிவைப்பேன்.

கோர்ட்டுகளும் பேச்சைக் காப்பாற்றும் அளவுக்குத் தாளைக் காப்பாற்றவில்லை. 1996-ல் உச்ச நீதிமன்றம் ஒட்டுக்கேட்புக்கு வரைமுறை வகுத்தது. 2017 ஆகஸ்ட் 24 அன்று 9 நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். 2025 ஜூலை 2 அன்று நம் சென்னை உயர் நீதிமன்றம், பொது அவசரமோ பொதுப் பாதுகாப்போ இல்லாமல் குற்றத்தைத் துப்புத் துலக்குவதற்காக மட்டும் ஒட்டுக்கேட்க முடியாது என்று சொல்லி 2011-ம் வருஷ உத்தரவு ஒன்றை ரத்து செய்தது. நல்ல தீர்ப்பு. அதுவும் பேச்சைப் பற்றியதுதான்.

அமெரிக்காவில் தலைகீழாகத் தாளை வைத்துத்தான் சண்டையே நடந்தது. ஒரு பெரிய போன் கம்பெனி தன் வாடிக்கையாளர் எல்லோருடைய கால் பதிவையும் தினமும் அந்நாட்டு உளவு அமைப்பான என்.எஸ்.ஏ.விடம் கொடுத்துக்கொண்டிருந்ததை, அந்த அமைப்புக்காக வேலை பார்த்த ஸ்னோடென் 2013 ஜூனில் வெளியே கொண்டுவந்தார். 2015-ல் சட்டம் போட்டு அந்த மொத்தக் கொள்முதலை நிறுத்தினார்கள். பதிவு கம்பெனியிடமே இருக்கும், ஆளைக் குறிப்பிட்டுக் கேட்க வேண்டும். 2018-ல் அவர்கள் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில், ஒருவர் நாள்கணக்கில் போய்வந்த டவர் வரலாற்றை வாங்க நீதிபதியின் வாரண்ட் வேண்டும் என்றது. அவர்களை யோக்கியர்கள் என்று சொல்ல வரவில்லை. சண்டை போடவேண்டிய இடம் எது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

டவர் என்றதும் நம் ஊர்ச் சங்கதி ஒன்று. களியக்காவிளையில் டீக்கடையில் உட்கார்ந்திருப்பவன் போன் பாறசாலை டவரைப் பிடிக்கும். தாளில் அவன் கேரளாவில் இருந்ததாகத்தான் விழும். டவர் என்பது ஆளின் நிழல். வெயில் எந்தப் பக்கமோ அதற்கு எதிர்ப் பக்கம் சாயும். நாளைக்கு ஒரு வழக்கில் “நான் எல்லையைத் தாண்டவே இல்லை” என்று அவன் சொன்னால் நம்பவைக்கச் சிரமப்பட வேண்டும். 2020 தொடக்கத்தில் தொலைத்தொடர்புத் துறை சில வட்டாரங்களில், குறிப்பிட்ட நாட்களில், எல்லோருடைய சி.டி.ஆரையும் மொத்தமாகக் கேட்டது என்று கம்பெனிகளின் சங்கமே ஆட்சேபம் எழுப்பியது. கேரள வட்டாரமும் அதில் உண்டு. கால் துண்டிப்பைச் சரிபார்க்கத்தான் என்றது அரசு. பாறசாலை டவரைப் பிடித்த நம் ஆட்களின் வரியும் அந்த மூட்டையில் போயிருக்கலாம்.

கூட்டத்தில் நிற்கிறவனுக்கு இன்னொரு விஷயம் முக்கியம். ஒரு டவரில் குறிப்பிட்ட நேரம் பதிவான எல்லா நம்பரையும் மொத்தமாக வாங்குவதற்கு டவர் டம்ப் என்று பெயர். ஓகி புயலில் காணாமல் போனவர்களைத் தேடச் சொல்லி 2017 டிசம்பர் 7 அன்று குழித்துறை ரயில் நிலையத் தண்டவாளத்தில் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்தார்களே, அதுபோன்ற கூட்டத்துக்கு ஒரு டம்ப் எடுத்தால் போதும். யார் யார் வந்தார்கள் என்று ஆள் வைத்து எண்ண வேண்டாம். அங்கே ஒருவன் வாட்ஸ்அப் வைத்திருந்தானா சிக்னல் ஆப் வைத்திருந்தானா என்பதெல்லாம் டவருக்கு ஒரு பொருட்டே இல்லை.

அதே ஓகி சமயத்தில்தான், கரையோரம் மீன் பிடிக்கப் போனவர்களின் வீட்டுப் பெண்கள் என் கடைக்கு வந்து “கடைசியா எந்த டவர்ல நின்னுதுன்னு பாத்துச் சொல்ல முடியுமா” என்று கையைப் பிடித்துக் கேட்டார்கள். பதிவே வேண்டாம் என்று சொல்ல அன்றிலிருந்து எனக்கு வாய் வரவில்லை. யார் கேட்டால், யாரிடம் கேட்டு, கொடுக்க வேண்டும் என்பதில்தான் என் வழக்கு.

சரி, ஆப்களுக்கு வருவோம். வாட்ஸ்அப்பில் 2016 ஏப்ரலிலிருந்து இரு முனைப் பூட்டு உண்டு. பேச்சையோ செய்தியையோ நடுவில் ஆளால் படிக்க முடியாது. சி.டி.ஆரில் எதிர் நம்பரும் விழாது. இதோடு நிறுத்திக்கொண்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்கள்தான் அதிகம். யாரோடு எப்போது தொடர்பு என்ற விவரம் வாட்ஸ்அப் கம்பெனி கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. இன்டர்நெட் பக்கத்துக்கும் ஐ.பி.டி.ஆர். என்று ஒரு பதிவு உண்டு; இரண்டு பேர் வாட்ஸ்அப் காலில் நேரடியாக இணைந்தால் ஒருவர் போனின் இணைய முகவரியான ஐ.பி. மற்றவர் பதிவில் தெரிய வாய்ப்பு இருக்கிறது. அதை மறைக்க 2023 நவம்பரில் ஒரு வசதி கொடுத்தார்கள். தனியுரிமை செட்டிங்ஸின் அடியில் ஒளிந்து கிடக்கிறது, போட்டுக்கொள்ளுங்கள். பெரிய ஓட்டை பேக்கப். கூகுள் டிரைவில் போய் உட்காரும் பழைய செய்திகளுக்கு நீங்களாகப் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டினால்தான் பூட்டு. கடைக்கு வரும் போன்களில் அதைப் போட்டிருப்பதை நான் விரல் விட்டு எண்ணிவிடுவேன்.

வளைகுடா வீடுகளுக்கு வேறு தலைவலி. துபாயில் வாட்ஸ்அப் கால் எடுக்காது என்பதால் போட்டிம் வைத்துக்கொள்கிறார்கள். அது அந்த நாட்டு அரசின் அனுமதியோடு ஓடும் ஆப் என்பதை மனதில் வைத்துப் பேசினால் சரி. சிம்மை ஊரில் மேசை டிராயரில் போட்டுவிட்டு அந்த நம்பர் வாட்ஸ்அப்பை அங்கே ஓட்டுவதுதான் நம் பழக்கம். செய்தி ஆப்கள் சிம் போனுக்குள் இருந்தால்தான் வேலை செய்ய வேண்டும் என்று 2025 நவம்பர் 28 அன்று தொலைத்தொடர்புத் துறை உத்தரவு போட்டதும் கடையில் இதே பேச்சுதான். இணைய மோசடியைத் தடுக்க என்று காரணம் சொன்னார்கள். ஆளையும் நம்பரையும் போனையும் ஒரே கயிற்றில் கட்டும் வேலையும் அதிலேயே நடந்துவிடுகிறது.

டெலிகிராம் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. சாதா கால், வாட்ஸ்அப், சிக்னல், டெலிகிராம் என்ற நான்கில் கடைசி இடம். சாதாரணச் செய்திகளுக்கு அதில் இரு முனைப் பூட்டே கிடையாது. ரகசியச் சாட் என்று தனியாகத் திறந்தால்தான் உண்டு, குழுவுக்கு அதுவும் இல்லை. எல்லாம் அவர்கள் சர்வரில் கிடக்கும். 2022-ல் டெல்லி உயர் நீதிமன்றம் கேட்டபோது சேனல் நடத்தியவர்களின் பெயர், நம்பர், ஐ.பி. கொடுத்தார்கள். நிறுவனர் துரோவ் 2024 ஆகஸ்டில் பிரான்சில் கைதான அடுத்த மாதம், சட்டப்படி கேட்டால் நம்பரும் ஐ.பி.யும் கொடுப்போம் என்று விதியையே மாற்றிக்கொண்டார்கள். புதுப்படம் இறக்குகிறவர்கள் கட்டிவிட்ட பெயரை நம்பி ஒரு கமிட்டி அதற்குள் குடிபோவது, கதவில்லாத வீட்டுக்குப் பூட்டு வாங்குகிற கதை.

சிக்னல்தான் இதில் சுத்தம். 2016-ல் அமெரிக்காவில் சம்மன் அனுப்பி இரண்டு நம்பரைப் பற்றிய விவரம் கேட்டபோது, கணக்கு இருந்த ஒன்றுக்கு அவர்களால் கொடுக்க முடிந்தது இரண்டே விஷயம்: கணக்குத் தொடங்கிய நேரம், கடைசியாக இணைந்த நாள். மனசு வைக்காததால் அல்ல, அவர்களிடம் வேறு எதுவும் இல்லை. 2024-லிருந்து நம்பரை எதிராளிக்குக் காட்டாமல் பயனர் பெயரிலேயே பேசலாம். கஷ்டம் என்னவென்றால் நம் ஊரில் அது யாரிடமும் இல்லை. அம்மாவிடம் இல்லை, பந்தல்காரரிடம் இல்லை, ஊர்த் தலைவரிடம் இல்லை.

அதனால் தம்பியிடம் சொன்னது இதுதான். வீட்டுப் பேச்சுக்கும் கூட்ட அறிவிப்புக்கும் வாட்ஸ்அப்பே போதும், பேக்கப்பைப் பூட்டு. ஆவணம் கொடுக்கிறவர், பத்திரிகைக்காரர், வக்கீல் என்று வெளியே தெரியக்கூடாத ஏழெட்டுப் பேரோடு சிக்னல். டெலிகிராமை அழி. அடுத்தவன் பெயரில் சிம் வாங்கும் யோசனை இருந்தால் இப்போதே விட்டுவிடு; புதுச் சட்டத்தில் 3 வருஷம் வரை உள்ளே, 50 லட்சம் வரை அபராதம், போதாததற்குப் பழைய போனில் அதைப் போட்ட நிமிஷமே ஐ.எம்.இ.ஐ. காட்டிக்கொடுக்கும். டவரை மட்டும் எந்த ஆப்பாலும் ஏமாற்ற முடியாது. போனை வீட்டில் வைத்துவிட்டுப் போ, அல்லது வந்தேன் என்று தைரியமாக நில்.

“அண்ணே, எங்க கமிட்டி குரூப்புல நானூறு பேரு இருக்காவ,” என்றான்.

“அதுல ஒருத்தன் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புனா எந்தப் பூட்டு மக்கா தடுக்கும்?”

சார்ஜ் ஏறுகிறதா என்று செருகிப் பார்த்துக் கையில் கொடுத்தேன். காசைக் கொடுத்துவிட்டு வாசல் வரை போனவன் திரும்பி வந்தான்.

“அண்ணே, இப்ப நான் இங்க வந்து உங்ககிட்ட கேட்டதும் டவர்ல இருக்குமோ?”

“வந்தது இருக்கும் மக்கா. கேட்டது இருக்காது.”