லாயத்தில் விடுவதா, காணி எடுத்துக் கட்டுவதா?

அந்தியூர் ஆடித் திருவிழாச் சந்தையில் குதிரை வாங்குவது ஒரு நாள் வேலை. அதைக் கொண்டுவந்து கடலூரிலோ புதுச்சேரியிலோ எங்கே நிறுத்துவது என்பதுதான் ஆண்டுக்கணக்கில் நீளும் வேலை. சவாரி சொல்லிக்கொடுக்கும் இடத்தோடு சேர்ந்த லாயத்தில் மாதக் கட்டணம் கட்டி விடலாம். இல்லையென்றால், கொட்டகையும் மேய்ச்சலும் உள்ள ஒரு காணியை வாடகைக்குப் பிடித்து நாமே பார்த்துக்கொள்ளலாம். பலருக்கும் இரண்டாவதன் பக்கம்தான் மனம் சாய்கிறது. மேய்ச்சல் கையில் இருந்தால் தீவனச் செலவு பாதியாகிவிடும் என்று அதற்கு ஒரு நியாயமும் சொல்வார்கள். நம் கடற்கரைப் பகுதியில் அந்தக் கணக்கு நிற்காது.

400 கிலோ எடையுள்ள ஒரு மார்வாரிக் குதிரைக்கு நாளொன்றுக்கு உடல் எடையில் ஏறக்குறைய 2 சதவீதம், அதாவது 8 கிலோ உலர்தீவனம் வேண்டும். பச்சைப் புல்லில் முக்கால் பங்குக்குமேல் தண்ணீர்தான் என்பதால், அதே அளவைப் பச்சையாகக் கொடுப்பதென்றால் 35 கிலோவுக்குக் குறையாமல் தேவைப்படும். ஐப்பசி மழைக்குப் பிறகு தை வரை ஒரு நல்ல காணி இதற்கு ஈடுகொடுக்கலாம். மாசி, பங்குனியில் புல் காய்ந்துவிடும். சித்திரையில் குதிரை வேரோடு சேர்த்து மண்ணையும் வழித்துத் தின்னும். மணற்பாங்கான நிலத்தில் இது சாதாரண விஷயமல்ல. உள்ளே போன மணல் குடலில் படிந்து வயிற்றுவலியில் கொண்டுவிடும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, அந்த வலி உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே காணி எடுத்தாலும் ஆண்டில் பாதிக்குமேல் தீவனம் விலைக்குத்தான் வரும். வாடகை தனி.

நிலம் காட்டுபவர்கள் பெரும்பாலும் கார்த்திகையில்தான் கூப்பிடுவார்கள். முழங்கால் உயரத்துக்குப் பச்சை நிற்கும், பார்க்கக் கண் குளிரும். குனிந்து ஒரு கைப்பிடி பிடுங்கிப் பாருங்கள். தண்டு உருண்டையாக இல்லாமல் விரலில் மூன்று பட்டையாக உருண்டால் அது புல் அல்ல, கோரை. குதிரை அதை ஒதுக்கிவிட்டு நடுவில் எங்கோ படர்ந்திருக்கும் அருகம்புல்லைத் தேடும். வேலியோரத்தையும் ஒரு சுற்று நடந்து பார்க்க வேண்டும். அரளி இருந்தால் அந்த இடமே வேண்டாம், சில இலைகளே குதிரையைச் சாய்க்கப் போதும். ஆமணக்கும் உண்ணிச்செடியும் களைந்துவிடக் கூடியவை. சவுண்டல் (சூபாபுல்) இலையை அதிகம் தின்றால் பிடரி மயிரும் வால் மயிரும் கொட்டும்.

"நான் கோ-4 போட்டுத் தருகிறேன் சார், மாட்டுக்கு அதுதான்" என்று நிலக்காரர் ஆர்வமாகச் சொல்லக்கூடும். கோ-4 என்ற அந்தக் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் பசுவுக்கு நல்ல தீவனம்தான். ஆனால் அதிலுள்ள ஆக்சலேட் குதிரையின் குடலில் சுண்ணாம்புச் சத்தைக் கட்டிவைத்துவிடும். மாதக்கணக்கில் அதையே கொடுத்தால் உடல் எலும்பிலிருந்து சுண்ணாம்பை எடுத்துக்கொள்ளும். முகம் வீங்கும், நடை நொண்டும். கூடவே தவிடும் போட்டால் இன்னும் மோசம், ஏனென்றால் தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம். அருகம்புல் வைக்கோலும், அளவாகக் குதிரை மசால் (லூசர்ன்) தீவனமும் கிடைக்குமா என்று முதலில் விசாரிக்க வேண்டும். நெல் வைக்கோல் வாய்க்கு வேலை கொடுக்கும், சத்துக்கு உதவாது. இந்த இடத்தில் லாயத்தின் கை ஓங்குகிறது. பத்துப் பதினைந்து குதிரைக்குச் சேர்த்துத் தீவனம் இறக்குபவருக்குக் கிடைக்கும் தரமும் விலையும் ஒற்றைக் குதிரைக்காரருக்குக் கிடைக்காது.

மேடு பள்ளம் பார்ப்பது அடுத்தது. கடலூரை ஒட்டிய கேப்பர் மலைச் செம்மண்ணும், ஆரோவில்லைச் சுற்றிய மேட்டு நிலமும் மழை விட்ட சில மணி நேரத்தில் காலுக்கு இறுகிவிடும். கெடிலம், தென்பெண்ணைக் கரையோரமும் பாகூர் ஏரிப் பாசனத்தின் வண்டலும் நெல்லுக்கு ஏற்றவை, குளம்புக்கு ஏற்றவை அல்ல. நாள்கணக்கில் சேற்றில் நிற்கும் குதிரைக்குக் குளம்பு அழுகும். தண்ணீர் தேங்கும் இடத்தில் மாட்டு ஈயும் பெருகும், அது கடித்துப் பரப்பும் சர்ரா நோய் குதிரைக்கு மாட்டைவிடக் கடுமை. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் இந்தப் பகுதியில் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. 2024 நவம்பர் 30இல் கரையேறிய ஃபெஞ்சல், புதுச்சேரியில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. தகரக் கூரைக் கொட்டகையைப் பார்க்கும்போது இந்த இரண்டு தேதிகளையும் சொல்லி, "அன்றைக்கு இங்கே என்ன ஆயிற்று?" என்று பக்கத்து நிலத்துக்காரரிடம் கேட்பது நல்லது. நிலத்தின் சொந்தக்காரரிடம் கேட்டுப் பயனில்லை.

கடற்கரையை ஒட்டிய ஆழ்குழாய்க் கிணறுகளில் உப்பு ஏறியிருக்கலாம். கோடையில் ஒரு குதிரை நாளுக்கு 40 லிட்டர், சில நாள் அதற்கு மேலும் குடிக்கும். சித்திரையில் தண்ணீரை வாயில் ஊற்றிப் பார்த்துவிட்டு, பரிசோதனைக்கும் அனுப்பிவிடுங்கள்.

வேலியைப் பற்றி எத்தனை சொன்னாலும் தகும். நம் ஊர்க் காணிகள் பெரும்பாலும் முள்கம்பியில் கட்டியவை. மாடு முள்ளைக் கண்டால் நிற்கும், மிரண்ட குதிரை நிற்காது. மார்புத் தோலும் தொடையும் கிழிந்து தொங்கும். சவுக்குக் கழிக்கு இங்கே பஞ்சமில்லை. இரண்டு வரிசைக் கிடைக்கழி கட்டி, முள்கம்பியை முழுவதுமாக அவிழ்த்துவிட வேண்டும். அதற்கு நிலக்காரர் சம்மதிக்காவிட்டால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

லாயத்திலும் குறை இல்லாமல் இல்லை. நாளின் பெரும்பகுதி குதிரை நான்கு சுவருக்குள் நிற்கும். புதிதாக வரும் குதிரையைத் தனியே வைத்துப் பார்க்காமல் பக்கத்திலேயே கட்டுவார்கள், சளியும் தோல் நோயும் வரிசையாகப் பரவும். உங்கள் குதிரையை உங்களுக்குத் தெரியாமல் பாடத்துக்கு ஓட்டும் இடங்களும் உண்டு. சொல்லாமல் ஒரு மாலை வேளையில் போய்த் தண்ணீர்த் தொட்டியின் அடியைத் தடவிப் பாருங்கள். கையில் வழுவழுவென்று பாசி வந்தால், மற்றது எதையும் கேட்க வேண்டியதில்லை.

ஆனாலும் ஒரு விஷயத்தில் காணியால் லாயத்தை எட்டவே முடியாது. இரவு இரண்டு மணிக்குக் குதிரை படுத்துப் புரண்டு வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தால், அது வயிற்றுவலி என்று தெரிந்த ஒருவர் அங்கே இருப்பார். காணியில் காவலுக்குப் படுத்திருப்பவர் மாடு பார்த்துப் பழகியவர். "படுத்திருக்கிறது, தூங்குகிறது" என்று காலையில் சொல்வார். புதுச்சேரியில் குரும்பாபேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருப்பது இப்பகுதிக்கு ஒரு வரம். ஆனால் கேப்பர் மலையிலிருந்து நள்ளிரவில் குதிரையை ஏற்றிச் செல்ல வண்டி யாரிடம் இருக்கிறது என்பதைப் பகலிலேயே தெரிந்துவைத்திருக்க வேண்டும். லாடக்காரர் விஷயமும் இப்படித்தான். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பு செதுக்க வேண்டும், ஒரே ஒரு குதிரைக்காக அவர் வர யோசிப்பார்.

ஒரு குதிரை மட்டும் வைத்திருப்பவருக்கு என் பதில் லாயம்தான். தனியாகக் கட்டிய குதிரைக்குத் துணையும் இல்லை. மூன்று குதிரை இருந்தால், அல்லது குதிரை வைத்திருக்கும் இரண்டு நண்பர்கள் கூடினால், குதிரை தெரிந்த ஒருவரைக் குடும்பத்தோடு தங்கவைக்கும் சம்பளத்தைப் பகிர்ந்துகொள்ளலாம். அப்போது மேட்டு நிலக் காணிக்கு நான் தாராளமாகக் கைகாட்டுவேன். மேய்ச்சலைத் தீவனமாக எண்ணாமல், குதிரையை அவிழ்த்து ஓடவிடும் இடமாக எண்ணி வாடகை பேசினால் கணக்கு உதைக்காது.

எழுதும்போது "குத்தகை" என்று எழுதச் சொன்னால் நிலக்காரர் பின்வாங்குவார். தமிழ்நாட்டின் 1955ஆம் ஆண்டுப் பயிரிடும் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்தை நினைத்து, நிலம் கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயம் அது. பயிர்செய்ய அல்ல, குதிரை கட்டவும் மேய்க்கவும் மட்டும் என்று தெளிவாக எழுதிக்கொடுத்தால் அவர் மனம் இளகும். வழக்கமான 11 மாத ஒப்பந்தம் வேலி கட்டும் செலவுக்குக் கட்டுப்படியாகாது. மூன்று ஆண்டுக்குப் பேசிப் பதிவு செய்துகொள்ளுங்கள். கட்டிய சவுக்குக் கழி யாருக்குச் சொந்தம் என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள். ஒரு குதிரை நாளுக்கு ஏறக்குறைய 15 கிலோ இலத்தி போடும். அதை நிலத்துக்கு எருவாக அவருக்கே விடுவதாகச் சொன்னால் வாடகையில் கொஞ்சம் குறையவும் வாய்ப்பு உண்டு.