லைசினுக்கு எது நல்லது: பருப்பா, முட்டையா, மாத்திரையா?

எங்கள் அம்மாவுக்கு 72 வயது, எடை 50 கிலோ. போன வருடம் கெண்டைக்கால் சதை இளைத்து, மாடிப்படி ஏறும்போது கைப்பிடியைப் பிடிக்க ஆரம்பித்தார். டாக்டர் பார்த்துவிட்டு, "சாப்பாட்டில் புரதம் குறைச்சல், அதைக் கவனியுங்கள்" என்றார். வீட்டில் ஆளுக்கொரு யோசனை. தம்பி புரோட்டீன் பவுடர் வாங்கி வந்தான். அக்கா முட்டை கொடுக்கச் சொன்னாள். பக்கத்து வீட்டு மாமி கேழ்வரகுக் கஞ்சி என்றார். மருந்துக்கடையில் அமினோ அமில மாத்திரையை எடுத்துக் காட்டினார்கள்.

நான் சமையல் தராசை எடுத்துவைத்துக்கொண்டு, ஒரு நாள் முழுக்க அம்மா சாப்பிட்டதை எடை போட்டேன். மொத்தப் புரதம் குறைவு என்பது எதிர்பார்த்ததுதான். அதற்குள் ஒரே ஓர் அமினோ அமிலத்தின் கணக்குதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. அது லைசின்.

புரதம் கட்டுவதற்கு உடம்பு பயன்படுத்தும் அமினோ அமிலங்கள் 20. அதில் 9-ஐ நம் உடம்பால் செய்துகொள்ள முடியாது, சாப்பாட்டில்தான் வர வேண்டும். லைசின் அந்த ஒன்பதில் ஒன்று. கதம்பம் கட்டுகிறவரைப் பார்த்திருப்பீர்கள். மல்லி, கனகாம்பரம், மரிக்கொழுந்து என்று வரிசை மாறாமல் வைத்துக் கட்டிக்கொண்டே போவார். மரிக்கொழுந்து தீர்ந்துவிட்டால் கூடையில் எவ்வளவு மல்லி இருந்தாலும் அந்தச் சரம் அதற்கு மேல் நீளாது. அரிசி, கோதுமை, சோளம் எல்லாவற்றிலும் முதலில் தீர்ந்துபோகிற பூ லைசின். மிஞ்சிய அமினோ அமிலங்களை உடம்பு சேர்த்து வைப்பதில்லை, எரித்துவிடுகிறது. 1914-இல் அமெரிக்காவில் ஆஸ்போர்ன், மெண்டல் என்ற இருவர் கோதுமையிலிருந்து பிரித்த கிளையடின் என்ற புரதத்தை மட்டும் எலிக்குஞ்சுகளுக்குக் கொடுத்து வளர்த்தார்கள். குஞ்சுகள் சாகவில்லை, ஆனால் வளரவும் இல்லை. அதே தீனியில் லைசினைச் சேர்த்ததும் வளரத் தொடங்கின.

லைசினின் வடிவத்தில் ஒரு விசேஷம் உண்டு. நீளமாக ஒரு கை, அதன் நுனியில் நேர்மின்னேற்றம் கொண்ட ஒரு அமினோ முனை. அந்தக் கைதான் எல்லா வேலையும் செய்கிறது. எலும்பு, தோல், தசைநாண் எல்லாவற்றையும் இழுத்துப் பிடிக்கும் கொலாஜன் இழைகளைக் குறுக்கே பின்னுவது லைசின் கைகள்தான். அந்தப் பின்னலுக்கு வைட்டமின் சி-யும் துணை வேண்டும். உயிரணுவுக்குள் டி.என்.ஏ. நூலைச் சுற்றிவைத்திருக்கும் ஹிஸ்டோன் புரதங்களில் லைசின் நிறைய இருக்கிறது. கொழுப்பை எரிக்கும் இடத்துக்கு எடுத்துச் செல்லும் கார்னிடின் லைசினிலிருந்துதான் உருவாகிறது. நம் கண்ணில் வெளிச்சத்தைப் பிடிக்கும் வைட்டமின் ஏ மூலக்கூறுகூட ஒரு லைசினின் கையைப் பற்றிக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறது.

சரி, எவ்வளவு வேண்டும்? உலக சுகாதார நிறுவனத்தின் 2007-ஆம் ஆண்டு அறிக்கைப்படி பெரியவர்களுக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 30 மில்லிகிராம். அம்மாவுக்கு 1,500 மில்லிகிராம். மூன்று 500 என்று வைத்துக்கொண்டால் ஒப்பிடுவது சுலபம். ஆகவே ஒவ்வொரு பொருளிலும் 500 மில்லிகிராம் லைசின் கிடைக்க எவ்வளவு சாப்பிட வேண்டும் என்று பார்த்தேன். கீழே வரும் எடைகள் சமைக்காத பொருளுக்கானவை. ரகத்துக்கு ரகம் கொஞ்சம் கூடும், குறையும்.

அரிசி என்றால் சுமார் 190 கிராம். கோதுமை மாவு 170 கிராம். இங்கே ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். கோதுமையில் புரதம் அரிசியைவிட அதிகம், அதனால் சோற்றை விட்டுச் சப்பாத்திக்கு மாறினால் நல்லது என்று நினைக்கிறோம். ஆனால் ஒரு கிராம் புரதத்துக்கு எவ்வளவு லைசின் என்று பார்த்தால் அரிசிதான் மேல். அரிசியில் ஒரு கிராம் புரதத்துக்கு 37 மில்லிகிராம் அளவில் இருக்கிறது, கோதுமையில் 27 அளவில்தான். சப்பாத்தியால் வரும் லாபம் பெயரளவுக்குத்தான். கேழ்வரகு கால் கிலோ வேண்டும். கால்சியத்துக்குக் கேழ்வரகை அடித்துக்கொள்ள ஆளில்லை, மாமி சொன்ன கஞ்சியை நான் வேண்டாம் என்று சொல்லவே மாட்டேன். லைசினுக்கு மட்டும் அது வழியில்லை. தினை, சோளம் இரண்டும் இந்த விஷயத்தில் அரிசிக்கும் கீழே.

பருப்புக்கு வந்தால் கதை மாறுகிறது. துவரம்பருப்பு 33 கிராம் போதும், அதாவது ஒரு கைப்பிடி. பாசிப்பருப்பு, உளுந்து இரண்டும் ஏறக்குறைய இதே அளவுதான். கொண்டைக்கடலை 40 கிராம் வரை வேண்டும். பருப்பில் குறைவாக இருப்பது கந்தகம் உள்ள மெத்தியோனின் போன்ற அமினோ அமிலங்கள், அவை அரிசியில் தாராளமாக உண்டு. இரண்டும் ஒரே வாய்க் கவளத்தில் சேர வேண்டும் என்பதில்லை, ஒரே நாளுக்குள் சேர்ந்தால் போதும்.

நம் சமையலில் இந்தக் கணக்கு மிக அழகாக உட்கார்ந்திருக்கும் இடம் இட்லி மாவு. நாலுக்கு ஒன்று என்று அரிசியும் உளுந்தும் போட்டால், அந்த மாவில் மொத்தப் புரதத்தில் ஒரு கிராமுக்குச் சுமார் 50 மில்லிகிராம் லைசின் வந்துவிடுகிறது. பெரியவர்களுக்கு நல்ல புரதம் என்று சொல்ல உலக சுகாதார நிறுவனம் வைத்த அளவு 45. பாட்டிமார்கள் ஆய்வுக்கூடம் வைத்து இந்த விகிதத்துக்கு வரவில்லை, மாவு பொங்க வேண்டும், இட்லி பூப்போல வர வேண்டும் என்றுதான் வந்தார்கள். ஆனாலும் கணக்கு பொருந்துகிறது. இரண்டு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு பாசிப்பருப்பு போட்ட வெண்பொங்கலில் இது 55-ஐத் தாண்டும்.

அப்புறம் ஏன் அம்மாவுக்குக் குறைந்தது? வீட்டில் சாம்பார் தினமும் இருந்தது. அங்கேதான் நான் ஏமாந்திருந்தேன். சாம்பாரை இறக்கிவைத்து கால் மணி நேரம் கழித்து, கலக்காமல் மேலே ஒரு கரண்டி, அடியைத் துழாவி ஒரு கரண்டி எடுத்து இரண்டு வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றிப் பார்த்தேன். முதல் கிண்ணத்தில் புளித்தண்ணீரும் மிளகாய்ப்பொடி நிறமும் பெருங்காய வாசனையும் இருந்தன, கிண்ணத்தின் அடி தெரிந்தது. இரண்டாவதில் கரண்டி நட்டால் நிற்கும் போல் பருப்பு. அம்மா எப்போதும் மேலாகத்தான் ஊற்றிக்கொள்வார், "எனக்குத் தெளிவாக இருந்தால்தான் இறங்கும்" என்பார். பாதி நாள் அதுவும் இல்லை, ரசம்தான். பருப்புத் தண்ணீர் விட்ட ரசத்தில் வாசம் வரும், தொண்டைக்கு இதம் தரும், பருப்பு வராது. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட உணவுத் தட்டில் பருப்பு, முட்டை, இறைச்சி எல்லாம் சேர்த்து நாளைக்கு 85 கிராம் என்று இருக்கிறது. அம்மாவின் தட்டில் அன்று விழுந்த பருப்பு கணக்கில் எடுக்கும் அளவுக்கே இல்லை.

மறுபடியும் 500 மில்லிகிராம் கணக்குக்கு வந்தால், பால் என்றால் 200 மில்லி, தயிரும் அதே அளவு. செரிமானத்தில் பாலும் முட்டையும் பருப்பைவிட மேல். அவற்றின் புரதத்தில் 95 சதவீதத்துக்கு மேல் உடம்பில் சேரும், பருப்பில் 80-85 சதவீதம்தான். லைசினை முதன்முதலில் பிரித்தெடுத்ததே 1889-இல் பால் புரதமான கேசினிலிருந்துதான்.

பாலில் ஓர் எச்சரிக்கை உண்டு. திரட்டுப்பால் கிளறியவர்களுக்குத் தெரியும். முதலில் வெள்ளையாகச் சுண்டும், பிறகு தந்த நிறம் வரும், அடியில் பழுப்பு ஏறி அடுப்படி முழுக்க அந்த மணம் வந்ததும் இறக்குவோம். அந்த நிறத்துக்கும் மணத்துக்கும் பெரிய காரணம் லைசினின் கை பாலிலுள்ள லாக்டோஸ் சர்க்கரையைப் பற்றிக்கொள்வதுதான். 1912-இல் மேயார் என்ற பிரெஞ்சுக்காரர் விவரித்த வினை இது. அப்படிப் பற்றிக்கொண்ட லைசின் நம் உடம்புக்கு உதவாது. பால்கோவாவை ஆசைக்குச் சாப்பிடலாம், புரதத்துக்கென்று சாப்பிட வேண்டாம். சாதாரணமாகப் பால் காய்ச்சுவதில் இழப்பு மிகக் குறைவு, பயப்பட வேண்டியதில்லை. ரஸ்க்தான் உண்மையில் மோசம். லைசின் குறைந்த கோதுமையை ஒருமுறை சுட்டு, வெட்டி, பொன்னிறமாக இன்னொரு முறை சுடுகிறார்கள். வயதானவர்கள் காபியில் நனைத்துச் சாப்பிட வசதி என்று நாமும் பாக்கெட் பாக்கெட்டாக வாங்கிவைக்கிறோம்.

முட்டை, ஒன்றில் 450 மில்லிகிராம். மீன், கோழி இரண்டிலும் சதைப்பகுதி 30 கிராம் போதும். இவற்றோடு எதுவும் போட்டிபோட முடியாது, அதை மழுப்பாமல் சொல்லிவிட வேண்டும். சாப்பிடுகிறவர்கள் வீட்டில் இரண்டு மத்தி மீனோ ஒரு முட்டையோ தட்டில் விழுந்தால் லைசினைப் பற்றி யோசிக்கவே வேண்டியதில்லை. இதில் எனக்கு வியப்பாக இருந்தது கோழித் தீவனம். நாமக்கல் பண்ணைகளில் கோழிக்கு முக்கியமான தீனி மக்காச்சோளமும் சோயாப் பிண்ணாக்கும். மக்காச்சோளத்தில் லைசின் குறைவு என்பதால் தீவனத்தில் லைசினைத் தனியாகவே கலப்பது கோழி வளர்ப்பில் வழக்கமான நடைமுறை. அந்த லைசின் ஒரு பாக்டீரியாவை வளர்த்துப் புளிக்கவைத்துத் தயாராவது. அந்த பாக்டீரியாவை 1950-களில் ஜப்பானில் கண்டுபிடித்தார்கள். கோழிக்கு எத்தனை மில்லிகிராம் லைசின் என்று கணக்குப் பார்த்துத் தீவனம் கலக்கிறோம். வீட்டில் இருக்கிற பெரியவர்களுக்கு அந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை என்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

சைவத்தில் முட்டைக்கு ஈடாக நிற்பது மீல் மேக்கர். காய்ந்த உருண்டை 16 கிராம், சின்னக் கைப்பிடிகூட இல்லை. ஆனால் அம்மாவுக்கு அந்த வாசனை பிடிக்கவில்லை, இரண்டு நாளில் நிறுத்திவிட்டோம். சாப்பிடாத உணவில் எவ்வளவு இருந்து என்ன? நிலக்கடலையை நிறையப் பேர் பருப்போடு சேர்த்து எண்ணுகிறார்கள். புரதம் உண்டு, ஆனால் ஒரு கிராம் புரதத்துக்கு லைசின் பருப்பில் பாதிதான். 55 கிராம் வேண்டும், அதோடு எண்ணெயும் சேர்ந்து வரும்.

இனி கடைச் சரக்கு. மாத்திரை ஒன்றில் 500 அல்லது 1,000 மில்லிகிராம் இருக்கும், கணக்குக்கு நேராகப் பொருந்தும். உதட்டில் கொப்புளம் வருவதற்கும் பலர் இதைப் போடுகிறார்கள், அதற்கு ஆதாரம் வலுவாக இல்லை. அம்மாவின் பிரச்சினை ஒரே ஓர் அமினோ அமிலத்தோடு முடிவதில்லை, மொத்தப் புரதமும் வேண்டும். அதை மாத்திரை தராது. பருப்பு இரண்டையும் சேர்த்தே தரும். குழந்தைகளுக்குப் பசியெடுக்க என்று வாங்கும் டானிக் ஒன்றின் லேபிளைப் படித்தேன். ஒரு ஸ்பூனில் 25 மில்லிகிராம் லைசின். இரண்டு கிராம் துவரம்பருப்புக்குக்கூட ஈடில்லை.

தம்பி வாங்கிய பவுடர் மோர்த்தெளிவிலிருந்து எடுத்த வே புரதம். அது நல்ல பொருள்தான், ஒரு கரண்டியில் அம்மாவின் ஒரு நாள் லைசின் முழுசாக வந்துவிடும். சாப்பிடவே முடியாமல் படுத்திருப்பவர்களுக்கும் அறுவைச் சிகிச்சை முடிந்து தேறுகிறவர்களுக்கும் டாக்டர் சொன்னால் தயங்காமல் வாங்கலாம். விலைதான் கனம். ஹெல்த் டிரிங்க் என்று விற்கும் மால்ட் பவுடர்களை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. பெரும்பாலும் தானியமும் சர்க்கரையும் அவை.

அன்று அம்மா தட்டின் கணக்கு இதுதான். காபி, டீக்கு ஊற்றிய 200 மில்லி பாலில் 500. ரஸ்க் நாலில் 80. மதியச் சோற்றில் 270, அதோடு ஒரு கரண்டி தயிரில் 140. மாலை பன்னில் 75. இரவு இரண்டு சப்பாத்தியில் 170. குருமா உருளைக்கிழங்கு குருமா. மொத்தம் சுமார் 1,235. காபியும் டீயும் இல்லாதிருந்தால் பாதிக்கும் கீழே போயிருப்பார்.

மாற்றியது பெரிதாக ஒன்றுமில்லை. ரஸ்க்குக்குப் பதில் மூன்று இட்லி, அதற்குக் கலக்கி ஊற்றிய சாம்பார். மதியம் முதல் நாலு வாய் பருப்புச் சோறு, நெய் விட்டுப் பிசைந்து, அப்புறம் ரசம். பன்னுக்குப் பதில் குழைய வேகவைத்த கொண்டைக்கடலைச் சுண்டல் சின்னக் கிண்ணம். இரவு சப்பாத்திக்கு உருளைக்கிழங்கு போய் பாசிப்பருப்புக் கடைசல் வந்தது. கணக்கு 2,400-ஐத் தாண்டிவிட்டது. செரிமானத்தில் போவதைக் கழித்தாலும் தேறும்.

ராமேஸ்வரம் பக்கம் தினம் மீன் வாங்கும் வீட்டில் இந்த மாற்றம் எதுவும் தேவைப்படாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் பருப்பையோ பவுடரையோ கூட்டுவதற்கு முன் டாக்டரைக் கேட்டே ஆக வேண்டும். பிறவியிலேயே லைசினை உடைக்க முடியாத குளூடாரிக் அசிடூரியா என்ற அரிய நோய் உள்ள குழந்தைகளுக்கு லைசினைக் குறைத்துத்தான் கொடுப்பார்கள், அங்கே இந்தக் கணக்கு தலைகீழ். எங்கள் அம்மாவுக்கு இரண்டுமே இல்லை. முட்டையைக் கிட்டே கொண்டுவரக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட்டார். அதனால் எங்கள் வீட்டில் பருப்புதான்.