ஜீன் ஆட்ரியா, ராய் ராஜர்ஸா?
பாடும் கௌபாய் படங்களை, அதாவது குதிரையேறிச் சண்டையிடும் நாயகனே பாடவும் செய்யும் பழைய ஹாலிவுட் படங்களைப் பார்க்கத் தொடங்குவோர், ரிபப்ளிக் என்ற பட நிறுவனம் வளர்த்த இந்த இரு நாயகர்களிடையே தடுமாறுவது வழக்கம்.

பாட்டு: ஆட்ரியின் குரல் பக்கத்தில் அமர்ந்து பேசுவதுபோல் இயல்பானது, ராஜர்ஸுக்கோ சன்ஸ் ஆஃப் த பயனியர்ஸ் குழுவின் கூட்டிசை பலம்.

கதை: 1935 முதல் நாயகனாக நடித்த ஆட்ரியின் படங்களில், குதிரையோடு வானொலியும் மோட்டார் காரும் கூச்சமின்றி உலவுவதே தனிச்சுவை (தர்க்கம் தேடுவோர் விலகியிருக்கலாம்). 1938இல் நாயகனான ராஜர்ஸின் படங்கள், பின்னாளில் வில்லியம் விட்னி இயக்கத்தில் அடிதடியில் கடுமையாயின.

நிறம்: ஆட்ரிக்குப் பெரும்பாலும் கறுப்பு வெள்ளை, ராஜர்ஸின் பிற்காலப் படங்கள் பலவற்றில் ட்ரூகலர் என்ற வண்ண முறை, அதில் அவரது குதிரை டிரிக்கரின் பொன்னிற உடலும் வெண்பிடரியும் தெளிவாகத் தெரியும்.

பிரதி: தொலைக்காட்சிக்காக இருவர் படங்களும் வெட்டிச் சுருக்கப்பட்டன, ஆட்ரியின் படங்கள் பல முழுமையாக மீட்கப்பட்டுள்ளன.

பாட்டுக்காக வருவோருக்கு ஆட்ரி. சண்டையும் வண்ணமும் வேண்டுவோருக்கு, வெட்டப்படாத பிரதிதானா என்று நேர அளவைச் சரிபார்த்து வாங்கிய ராஜர்ஸ்.