நான்காவது தட்டின் பச்சை ஒளி: ஒரு மரபணு மாற்றப் பயிற்சிக் கிட்டின் மதிப்புரை

இளநிலை நுண்ணுயிரியல் இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்காக எங்கள் துறை இந்தப் பருவத்தில் வாங்கிய மரபணு மாற்றப் பயிற்சிக் கிட்டை இருமுறை முழுமையாகச் செய்து பார்த்த பிறகே இதை எழுதுகிறேன். உலர்த்திப் பதப்படுத்திய ஈ.கோலை பாக்டீரியா, பிளாஸ்மிட் (பாக்டீரியாவுக்குள் தனியாக இருக்கும் சிறு டிஎன்ஏ வளையம்) கரைசல், கால்சியம் குளோரைடு கரைசல், பாக்டீரியாக்களைக் கொல்லும் ஆம்பிசிலின் மருந்துத் தூள், அராபினோஸ் சர்க்கரை, அகார், பெட்ரி தட்டுகள், லூப்புகள், கையடக்கப் புற ஊதா விளக்கு என எட்டுக் குழுக்களுக்குத் தேவையானவை பெட்டியில் இருந்தன. ஒரு பருவம் முழுவதும் வளர் ஊடகத்துக்கு நாங்கள் செலவிடும் தொகைக்கு நிகரான விலை. அந்த விலைக்குத் தகுமா என்று கேட்டால், தகும் என்றே சொல்வேன். ஆனால் உடன் வரும் கையேட்டை மட்டும் நம்பி வகுப்புக்குள் போகக் கூடாது.

செய்முறை எளிது. குளிர்ந்த கால்சியம் குளோரைடு கரைசலில் பாக்டீரியாக்களையும் பிளாஸ்மிடையும் சேர்த்துப் பத்து நிமிடம் ஐஸில் வைத்து, 42 டிகிரி வாட்டர் பாத்தில் 50 வினாடி நிறுத்தி, மீண்டும் ஐஸில் இறக்கி, சிறிது நேரம் ஊட்டக் கரைசலில் தேறவிட்டுத் தட்டுகளில் பரப்ப வேண்டும். ஈ.கோலை வெளியிலுள்ள டிஎன்ஏவை எளிதில் உள்ளே எடுத்துக்கொள்ளும் இனம் அன்று. 1970-ல் மண்டெல், ஹிகா இருவரும் காட்டிய கால்சியம் குளோரைடு முறைதான் அதை அதற்கு இணங்க வைத்தது. அந்தத் திடீர் வெப்ப மாற்றம் எவ்வளவு முக்கியம் என்பதை எங்கள் வகுப்பே காட்டியது. ஐஸ் பெட்டியை வாட்டர் பாத்துக்கு அருகிலேயே வைத்திருந்த குழுவுக்கு அறுபது காலனிகள் (ஒரு பாக்டீரியாவிலிருந்து பெருகிய புள்ளி போன்ற கூட்டங்கள்) கிடைத்தன. குழாயைக் கையில் பிடித்தபடி அறையின் மறுகோடிக்கு நடந்து போன குழுவுக்கு ஏழுதான். முதல் குழு தட்டில் பரப்பிய டிஎன்ஏ 0.02 மைக்ரோகிராம் என்பதால், ஒரு மைக்ரோகிராமுக்கு 3,000 காலனிகள் என்று மாற்றத் திறனை மாணவர்களே கணக்கிட்டார்கள்.

இந்தக் கிட்டின் உண்மையான மதிப்பு நான்காவது தட்டில் இருக்கிறது. பிளாஸ்மிடில் ஆம்பிசிலினைச் சிதைக்கும் பீட்டா-லாக்டமேஸ் நொதிக்கான மரபணுவும், ஜெல்லி மீனிலிருந்து பெறப்பட்ட பச்சை ஒளிர் புரதத்துக்கான மரபணுவும் இருக்கின்றன. அந்தப் புரதத்தை 1962-ல் ஷிமோமுரா பிரித்தெடுத்தார். 1994-ல் சால்ஃபி அதன் மரபணுவை ஈ.கோலைக்குள் வைத்து ஒளிரச் செய்து காட்டினார். மூன்றாவது தட்டில் ஆம்பிசிலின் மட்டும். நான்காவதில் ஆம்பிசிலினோடு அராபினோஸும் உண்டு. மறுநாள் காலை இன்குபேட்டரிலிருந்து எடுத்தபோது இரண்டு தட்டுகளிலும் ஒரே மாதிரியான வெளிர் காலனிகள்தாம் இருந்தன. விளக்கை அணைத்துப் புற ஊதா ஒளியைக் காட்டியதும் நான்காவது தட்டில் மட்டும் கடுகளவுப் புள்ளிகள் இளம்பச்சையாக ஒளிர்ந்தன.

"மேடம், ரெண்டு தட்டிலயும் ஒரே குழாயிலிருந்துதானே ஊத்தினோம்?" என்று ஒரு மாணவி கேட்டாள். "ஆமாம்மா, அதே குழாய்தான்" என்றேன். மரபணு கையில் இருப்பது வேறு, அது வேலை செய்வது வேறு என்பதை நான் பத்து ஆண்டுகளாகக் கரும்பலகையில் வரைந்து காட்டிக்கொண்டிருந்தேன். அந்தக் கேள்வி ஒருமுறைகூட எந்த மாணவரிடமிருந்தும் தானாக எழுந்ததில்லை.

அந்தக் கேள்விக்கான விடையில்தான் கையேடு கைவிடுகிறது. "அராபினோஸ் மரபணுவை இயக்குகிறது" என்ற ஒரே வரியோடு அது முடித்துக்கொள்கிறது. நடப்பது அதைவிட அழகானது. பிளாஸ்மிடில் உள்ள மூன்றாவது மரபணு உருவாக்கும் அராசி என்னும் புரதம், சர்க்கரை இல்லாதபோது டிஎன்ஏவில் ஏறக்குறைய 210 கார இணைகள் தள்ளியிருக்கும் இரண்டு இடங்களைப் பற்றிக்கொண்டு, இடைப்பட்ட பகுதியை ஒரு வளையமாக வளைத்து, ஒளிர் மரபணுவின் தொடக்கப் பகுதியான புரோமோட்டரை முடக்கி வைக்கிறது. அராபினோஸ் வந்து ஒட்டியதும் அதே புரதம் தொலைவிலுள்ள பிடியை விட்டு, பக்கத்து இடத்துக்கு மாறி, மரபணுவைப் படியெடுக்கும் ஆர்என்ஏ பாலிமரேஸ் நொதி வந்தமர உதவுகிறது. பூட்டும் திறவுகோலும் ஒரே புரதம்தான். ஜாக்கோப், மோனோ இருவரும் 1961-ல் விளக்கிய லாக் ஆபரானில் (லாக்டோஸ் சர்க்கரையைப் பயன்படுத்துவதற்கான மரபணுத் தொகுதி) அடக்கிப் புரதம் வெறுமனே விலகி நிற்பதையே படித்துப் பழகிய மாணவர்களுக்கு இந்த வேறுபாட்டை அவசியம் சொல்ல வேண்டும். நான் இரண்டு பக்கக் குறிப்பு எழுதி நகலெடுத்துக் கொடுத்தேன்.

கையேட்டின் இன்னொரு குறை எங்களுக்கு ஒரு நாளை வீணாக்கியது. ஆம்பிசிலினை "ஊடகம் தயாரானதும்" சேர்க்கச் சொல்லும் அது, அகார் சுமார் 50 டிகிரிக்கு ஆறிய பின்பே சேர்க்க வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை. ஒரு குழு கொதிநிலையிலேயே சேர்த்துவிட்டது. மருந்து வீரியம் இழந்ததால் பிளாஸ்மிட் கொடுக்காத பாக்டீரியாக்களும் அந்தத் தட்டில் புல்வெளி போல் பரவின. புற ஊதா விளக்கோடு பாதுகாப்புக் கண்ணாடி வராததையும் நான் கடுமையான குறையாகவே கருதுகிறேன். கண்ணாடிகளை நாங்களே வாங்கிய பிறகுதான் விளக்கை மாணவர் கையில் கொடுத்தேன்.

பெட்டியிலுள்ள பொருள்களோடு குளுக்கோஸை மட்டும் சேர்த்துக்கொண்டு இரண்டு சோதனைகளைக் கூடுதலாகச் செய்தோம். வாங்குவோர் இவற்றைத் தவறவிட வேண்டாம். மூன்றாவது தட்டின் ஒளிராத காலனி ஒன்றை லூப்பால் தொட்டு, அராபினோஸ் உள்ள புதிய தட்டில் கோடிழுத்து வைத்தோம். மறுநாள் அந்தக் கோடு முழுவதும் பச்சை. அடுத்து, அராபினோஸோடு குளுக்கோஸையும் சேர்த்து ஒரு தட்டு ஊற்றினோம். காலனிகள் செழித்து வளர்ந்தன, ஒளி மட்டும் மிக மங்கலாகவே தெரிந்தது. குளுக்கோஸ் கிடைக்கும்போது செல்லுக்குள் சைக்ளிக் ஏஎம்பி என்னும் சமிக்ஞை மூலக்கூறு குறைவதால், புரோமோட்டரைத் தூண்டும் இன்னொரு புரதம் ஓய்ந்துவிடுகிறது. குளுக்கோஸ் ஆய்வகத்தில் எப்போதும் இருப்பதுதான் என்பதால் அதற்கெனத் தனிச் செலவில்லை.

பாக்டீரியாக்கள் இயற்கையில் மரபணுக்களைக் கைமாற்றிக்கொள்ளும் முறைகளைப் பற்றிக் கையேட்டில் அரைப்பக்கம் இருக்கிறது. 1928-ல் கிரிஃபித் நிமோனியா பாக்டீரியாவில் கண்ட, வெளியிலிருந்து மரபணுவை எடுத்துக்கொள்ளும் மாற்றத்தைச் சொல்லிவிட்டு, லெடர்பர்க், டேட்டம் 1946-ல் கண்டறிந்த இணைவையும் (இரு பாக்டீரியாக்கள் நேரடியாகத் தொட்டு மரபணுவைக் கடத்துவது), வைரஸ் வழியாக நடக்கும் ஊடுகடத்தலையும் பெயரளவில் குறிப்பிட்டு நகர்ந்துவிடுகிறது. பல மருந்துகளுக்கு ஒருசேர வரும் எதிர்ப்புத் திறன் இணைவு வழியே பாக்டீரியாவிலிருந்து பாக்டீரியாவுக்குப் போகிறது என்பதை 1950-களின் இறுதியில் ஜப்பானிய ஆய்வாளர்கள் வயிற்றுக்கடுப்புக் கிருமிகளில் கண்டறிந்தார்கள். அந்தச் செய்தி இங்கே இடம்பெற்றிருந்தால், பயன்படுத்திய தட்டுகளை எப்படி அப்புறப்படுத்துவது என்பதற்குக் கையேடு ஒற்றை வரியோடு நின்றிருக்காது. ஆய்வகப் பிளாஸ்மிடுகள் பொதுவாகத் தாமாகப் பரவும் திறன் அற்றவை என்றாலும், ஆம்பிசிலின் எதிர்ப்பு மரபணு உள்ள எதையும் தொட்டியில் கழுவிவிடக் கூடாது. தட்டுகள், லூப்புகள், குழாய்கள் அனைத்தையும் உயர் அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் வைத்த பிறகே நாங்கள் வெளியேற்றினோம்.

குளிர்காப்பு உறையில் வந்தாலும் பிளாஸ்மிட் குப்பியை வந்த அன்றே ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். அடுத்த பருவத்துக்கும் இதே கிட்டைக் கேட்டு விண்ணப்பித்திருக்கிறேன். குளுக்கோஸ் தட்டுகளுக்கான அகாரையும் எட்டுப் பாதுகாப்புக் கண்ணாடிகளையும் அதே விண்ணப்பத்தில் தனியாகச் சேர்த்திருக்கிறேன்.