'சவுண்ட் ஆஃப் மியூசிக்' ப்ளூ-ரே பெட்டிக்கு 4,650 ரூபாய் கொடுத்து ஏமாந்த கதை: நீங்களும் வாங்கிவிடாதீர்கள்

4,650 ரூபாய். 'சவுண்ட் ஆஃப் மியூசிக்' என்ற பழைய ஆங்கிலப் பாட்டுப் படம் ஒன்றின் ப்ளூ-ரே (டிவிடியைவிடத் தெளிவான டிஸ்க்) பெட்டிக்கு நான் கொடுத்த பணம் இது. வீட்டுக்கு வந்து சேர்ந்தது யாரோ கம்ப்யூட்டரில் எழுதி, அட்டையைப் பிரின்ட் போட்டு, பிளாஸ்டிக் உறை சுற்றி அனுப்பிய திருட்டுப் பிரதி. கேட்டால் பொறுப்பாகப் பதில் சொல்ல ஒரு ஆள் கிடையாது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஆறிவிட்டால் 'போனது போகட்டும்' என்று நாமே விட்டுவிடுவோம். அதை நம்பித்தான் இவர்கள் கடை நடத்துகிறார்கள்.

வாங்கிய இடம், பழைய பட டிஸ்க், இசைத்தட்டு, கேசட் சேகரிப்பவர்களுக்கென்றே நடக்கும் ஒரு ஆன்லைன் சந்தை. தளம் நேரடியாக விற்பதில்லை. தனித்தனி விற்பனையாளர்கள் அங்கே கடை விரிப்பார்கள், பணம் தளத்தின் கைக்குப் போய் அங்கிருந்து அவர்களுக்குப் போகும். புகார் இன்னும் முடியாததால் பெயரைப் போடவில்லை.

'ஓடிடியில் பார்த்திருக்கலாமே' என்று சொல்ல வருபவர்களுக்கு: ஓடிடியில் இன்று இருக்கும் படம் அடுத்த மாதம் இருக்குமா என்று யாருக்கும் தெரியாது. அதோடு அம்மாவுக்கு இந்தப் படம் சாதாரணப் படம் இல்லை. கான்வென்ட்டில் படித்தபோது கன்னியாஸ்திரீகளே வரிசையாகக் கூட்டிக்கொண்டு போய்த் தியேட்டரில் காட்டிய படம். எந்தப் பாட்டுக்குப் பிறகு எந்தப் பாட்டு என்று இன்றைக்கும் மாறாமல் சொல்வாள். என் மகளுக்கு அதைப் பெரிய டிவியில் முழுசாகக் காட்ட வேண்டும், பாட்டியும் பேத்தியும் சேர்ந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

இந்தப் படத்துக்கு நல்ல டிஸ்க் வேண்டும் என்பதற்கு வலுவான காரணமும் உண்டு. இயக்குநர் ராபர்ட் வைஸ் இதை டாட்-ஏஓ என்ற அகன்ற ஃபிலிம் முறையில் 65 மி.மீ. நெகட்டிவில் எடுத்தார். சாதாரண 35 மி.மீ. ஃபிலிமைவிட அதில் விவரம் பல மடங்கு அதிகம். திரையின் அகலம் உயரத்தைப் போல 2.20 மடங்கு. 2010-இல் ப்ளூ-ரே வந்தபோது அந்த நெகட்டிவை 8கே அளவில் ஸ்கேன் செய்துதான் தயாரித்தார்கள். ஆல்ப்ஸ் புல்வெளியில் ஹெலிகாப்டர் இறங்கி வந்து ஜூலி ஆண்ட்ரூஸ் சுழன்று திரும்பும் அந்த முதல் காட்சியை நல்ல டிஸ்க்கில் பார்த்தவர்களுக்குத் தெரியும், புல்லின் ஒவ்வொரு தாளும் தெரியும். அந்தக் காட்சியை எடுக்கும்போது ஹெலிகாப்டர் காற்று ஒவ்வொரு தடவையும் அவரைக் கீழே தள்ளிவிட்டதாம், அவரே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அப்படிப் பாடுபட்டு எடுத்ததை மங்கலாகப் பார்ப்பதற்கா 4,650 ரூபாய்?

சரி, எப்படி நம்பினேன் என்று சொல்கிறேன். எல்லாருக்கும் பயன்படப் போவது இந்த இடம்தான்.

விளம்பரத்தில் போட்டிருந்தது: படத்தின் 50-ஆம் ஆண்டையொட்டி 2015-இல் வந்த பெட்டி, அமெரிக்க இறக்குமதி, சீல் பிரிக்காதது. நான்கு பக்கமும் தெளிவான போட்டோ. நான் உடனே பணம் கட்டவில்லை. தளத்தின் சாட்டில் கேள்வி கேட்டேன். ப்ளூ-ரேயில் அமெரிக்கா ஏ மண்டலம், இந்தியா சி மண்டலம். பூட்டு போட்ட டிஸ்க்காக இருந்தால் நம் ஊர் ப்ளேயரில் ஓடாது. அதைக் கேட்டதற்கு, 'கவலையே படாதீங்க மேடம், இந்த டிஸ்க்குல மண்டலப் பூட்டு கிடையாது, நானே போட்டுப் பார்த்திருக்கேன்' என்று பதில் வந்தது. சீல் பிரிக்காத பெட்டியை எப்படிப் போட்டுப் பார்த்தீர்கள் என்று கேட்டேன். 'என்கிட்ட சொந்தமா ஒண்ணு இருக்கு மேடம், இது விற்க வெச்சிருக்கற இன்னொண்ணு' என்றார். கேட்பதற்கு நியாயமாகவே இருந்தது.

அப்புறம் படத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அதில்தான் என் நம்பிக்கையை வாங்கினார். ஆசிரமத்தில், ஜூலி ஆண்ட்ரூஸ் நடித்த மரியாவைப் பற்றிக் கன்னியாஸ்திரீகள் பாடும் பாட்டில் சிஸ்டர் சோஃபியாவாக வருகிறவர் மார்னி நிக்ஸன். 'மை ஃபேர் லேடி'யில் ஆட்ரி ஹெப்பர்னுக்கும், 'வெஸ்ட் சைட் ஸ்டோரி'யில் நட்டாலி வுட்டுக்கும் திரைக்குப் பின்னால் நின்று பாடியவர். காலமெல்லாம் அடுத்தவர் முகத்துக்குக் குரல் கொடுத்தவரை, சொந்த முகத்தோடு இந்தப் படத்தில் பார்க்கலாம். 'அந்தப் பாட்டு வரும்போது அம்மாகிட்ட மறக்காம காட்டுங்க மேடம்' என்று அந்த மனிதர் எழுதினார். இவ்வளவு தெரிந்தவர், இவ்வளவு ரசித்தவர், இந்தப் படத்தை வைத்து ஏமாற்றுவாரா? யாராக இருந்தாலும் நம்பியிருப்பார்கள். அந்த வரியைப் படித்ததும் யூபிஐயில் 4,650 ரூபாயைக் கட்டினேன். இப்போது நினைக்கும்போது பணத்தைவிட அதிகம் எரிவது அதுதான். படத்தின் மீதுள்ள பிரியத்தையே தூண்டிலில் மாட்டிப் போட்டிருக்கிறார்.

பெட்டி வந்தது. ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்து மூன்று பேரும் உட்கார்ந்தோம். மெனு என்று எதுவும் இல்லை, நேராகப் படம் ஓட ஆரம்பித்தது. சேர்ந்து பாடுவதற்கான வசதி, ராபர்ட் வைஸின் விளக்க உரை என்று விளம்பரத்தில் அடுக்கியிருந்த ஒன்றையும் காணோம். புல்வெளி பச்சைச் சாயம் கொட்டினது போல் இருந்தது. சரி, டிவியில் ஏதாவது மாற்ற வேண்டுமோ என்று தேடிக்கொண்டிருந்தேன்.

'டோ-ரே-மி' பாட்டு வந்தபோது என் மகள், 'அம்மா, ஏழு பேருன்னு சொன்னீங்க, அஞ்சு பேருதானே இருக்காங்க' என்றாள். எண்ணிப் பார்த்தேன். வரிசையாக நிற்கும் ஏழு பிள்ளைகளில் இரண்டு ஓரத்துப் பிள்ளைகளும் திரைக்கு வெளியே. டிவி முழுக்க நிரம்ப வேண்டும் என்பதற்காகப் படத்தின் இரண்டு பக்கமும் வெட்டப்பட்டிருந்தது. 2.20 அகலத்தை டிவியின் 1.78-க்குள் அடைத்தால் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு படம் போய்விடும். இயக்குநர் அந்த அகலத்தை நினைத்து நிறுத்திவைத்த பிள்ளைகளைத்தான் வெட்டி எறிந்திருக்கிறார்கள்.

அத்தோடு முடிந்ததா? பொம்மலாட்டப் பாட்டு வரவே இல்லை. 'லோன்லி கோட்ஹெர்ட்' பாட்டை மகளுக்குக் காட்டத்தான் அம்மா காத்துக்கொண்டிருந்தாள். 'ஏண்டி, ஆட்டுக்காரன் பாட்டு எங்கே?' என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். மரியா அந்தப் பிள்ளைகளின் வீட்டை விட்டுப் போனதும் வரவேண்டிய இடைவேளை இல்லை, அதற்குப் பிறகு வரும் இசை இல்லை. மூலப்படம் 174 நிமிடம், கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். இது 2 மணி 20 நிமிடத்தில் முடிந்துவிட்டது.

கடைசியில் செய்ததுதான் மன்னிக்க முடியாதது. சால்ஸ்பர்க்கில் பாறையைக் குடைந்து கட்டிய ஃபெல்சென்ரைட்ஷூலே அரங்கில் விழா நடக்கும். நாஜிகள் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் கடற்படையில் சேரச் சொல்லிக் கட்டாயப்படுத்தும் நேரத்தில், பிள்ளைகளின் அப்பாவான கேப்டன் தனியாக நின்று 'எடல்வைஸ்' பாடுவார். பாதியில் குரல் உடைந்து நின்றுவிடும், மரியா வந்து சேர்ந்துகொள்வாள், பிறகு அரங்கமே பாடும். அதை ஆஸ்திரிய நாட்டுப்புறப் பாட்டு என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். இந்தப் படத்துக்கு மூலமான மேடை நாடகத்துக்காகப் பாடலாசிரியர் ஆஸ்கர் ஹேமர்ஸ்டைன் எழுதியது அது, 1960-இல் இறப்பதற்கு முன் அவர் கடைசியாக எழுதிய பாட்டு. அந்த மனிதர் எழுதிய கடைசி வரிகள்! இந்த டிஸ்க்கில் குரல் உடைகிற இடத்தில் சட்டென்று வெட்டி, குடும்பம் ஆசிரமத்தில் ஒளிந்திருக்கும் காட்சிக்குத் தாவிவிட்டது. அம்மா ஒன்றும் சொல்லாமல் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

படம் வெளிவந்த காலத்தில் மியூனிக்கில், நாஜிகள் வரும் பகுதி வேண்டாம் என்று திருமணத்தோடு படத்தை முடித்துத் திரையிட்டார்கள். அதற்காக அங்கிருந்த தன் கிளை மேலாளரின் வேலையையே பறித்து, முழுப் படத்தையும் மறுபடி போட வைத்தது ஸ்டுடியோ. வெட்டுவது அவ்வளவு பெரிய குற்றம். இங்கே வெட்டியதையே விற்று 4,650 ரூபாய் வாங்கிவிட்டுச் சும்மா இருக்கிறார்கள்.

தம்பி வந்து டிஸ்க்கைக் கம்ப்யூட்டரில் போட்டான். அதன் வகை 'பிடி-ஆர்' என்று காட்டியது. அதாவது நாம் எழுதிக்கொள்ளும் வெற்று டிஸ்க். கம்பெனி அச்சடித்ததாக இருந்தால் 'பிடி-ராம்' என்று காட்ட வேண்டும். ஈர விரலால் தேய்த்தால் மேலே இருந்த படம் கையோடு வந்தது.

இனி வந்த பதில்களைக் கேளுங்கள். விற்பனையாளர் முதலில் சொன்னது: 'உங்க ப்ளேயர் பழசு மேடம், சாஃப்ட்வேர் அப்டேட் பண்ணுங்க.' ப்ளேயரை அப்டேட் செய்தால் பொம்மலாட்டப் பாட்டு முளைத்து வருமா? டிஸ்க்கின் போட்டோவை அனுப்பினேன். பார்த்ததற்கான நீல டிக் வந்தது, பதில் வரவில்லை. அம்மாவுக்கு மார்னி நிக்ஸனைக் காட்டச் சொன்ன மனிதர் அதோடு வாயை மூடிக்கொண்டார்.

தளத்தின் வாடிக்கையாளர் சேவைக்குப் போனேன். முதலில் பேசியது இயந்திரம். அப்புறம் வந்த பெண், 'சீல் பிரிச்ச டிஸ்க்கை ரிட்டர்ன் எடுக்க முடியாது மேம், அது பாலிசி' என்றார். சீலைப் பிரிக்காமல் உள்ளே இருப்பது போலி என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டேன். 'உங்க சிரமம் புரியுது மேம்' என்றார். அடுத்து பேசியவர், பெட்டியைப் பிரிக்கும்போது எடுத்த வீடியோ இருக்கிறதா என்றார். வீடியோ வேண்டும் என்று வாங்கும்போது எங்கேயும் சொல்லவில்லை. வேறொருவர் பெரிய மனசு பண்ணி 200 ரூபாய் கூப்பன் தருகிறேன் என்றார், அதுவும் அதே தளத்தில் மறுபடி வாங்கினால் மட்டும். 4,650 ரூபாய்க்கு 200 ரூபாய்! மறுநாள் 'உங்கள் புகார் தீர்த்து வைக்கப்பட்டது, எங்கள் சேவைக்கு எத்தனை ஸ்டார் தருவீர்கள்' என்று எஸ்எம்எஸ். விற்பனையாளர் பக்கத்தில் உண்மையை எழுதினேன், 'விதிமுறைக்கு முரணானது' என்று நீக்கிவிட்டார்கள். அவருடைய ஐந்து ஸ்டார் மட்டும் குறையாமல் நிற்கிறது. ஏன் குறையவில்லை என்று இப்போது புரிகிறது.

ஒரு டிஸ்க் வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியதையெல்லாம் விரிவாக எழுதத்தான் நினைத்தேன். கை நடுங்குகிறது, முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். டிஸ்க்கின் அடிப்பக்கத்தையும், நடு ஓட்டையைச் சுற்றி உள்ள வளையத்தில் பொறித்த எண்களையும் போட்டோ கேளுங்கள். சீலைக் காரணம் காட்டி மறுத்தால் வாங்காதீர்கள். படம் எத்தனை நிமிடம், என்ன அகல விகிதம் என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். பிரிக்கும்போது வீடியோ எடுங்கள். விற்பவர் படத்தைப் பற்றி எவ்வளவு அழகாகப் பேசினாலும் அதை ஆதாரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஏமாந்துவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிடுங்கள். ஆன்லைன் வணிகத்துக்கான 2020 விதிகளின்படி, புகார் கிடைத்ததை 48 மணி நேரத்தில் தளம் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். குறைதீர்க்கும் அதிகாரியின் பெயரும் தொடர்பும் தளத்தில் இருந்தே ஆக வேண்டும். 'பாலிசி' என்று சொல்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள். நான் 1915-இல் பதிவு செய்துவிட்டேன். 4,650 ரூபாயும் திரும்பி வரும்வரை விடப்போவதில்லை, நுகர்வோர் ஆணையம் வரை போவேன்.

இதை எழுதும் இந்த நேரத்திலும் அதே விற்பனையாளர், அதே நான்கு போட்டோக்களோடு, அதே பெட்டியை அதே விலைக்குப் போட்டிருக்கிறார். 'கையிருப்பு 3 மட்டுமே' என்று கீழே எழுதியிருக்கிறது. யாரும் வாங்கிவிடாதீர்கள்.