இத்தாலியச் சிவப்பு ஒயின்: நிறத்தைப் பார்த்து வாங்கினால் ஏமாறுவீர்கள்

சிவப்பு ஒயின் வாங்கும்போது நம்மில் பலர் போடும் கணக்கு ஒன்றுதான். கோப்பையில் ஊற்றியதும் கருகருவென்று இருந்தால் 'ஸ்ட்ராங்', வெளிறி இருந்தால் 'லைட்'. மற்ற நாட்டு ஒயின்களுக்கு இது ஓரளவு பலிக்கலாம். இத்தாலியின் சொந்தத் திராட்சைகளிடம் அந்தப் பாச்சா பலிக்காது. அங்கே உள்ளூர் இரகங்களே நூற்றுக்கணக்கில் இருக்கின்றன, எல்லாவற்றையும் அலச எனக்கும் பொறுமை கிடையாது, படிக்க உங்களுக்கும் இருக்காது. அடிக்கடி ஒன்றோடொன்று ஒப்பிடப்படும் ஐந்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: நெபியோலோ, பார்பெரா, சாஞ்சோவேசே, நெரெல்லோ மஸ்கலேசே, அல்யானிக்கோ.

முதலில் நெபியோலோ. வடமேற்கில் பியமோந்தே மாகாணத்து லாங்கே குன்றுகளில் விளைவது, பரோலோ, பார்பரெஸ்கோ என்ற இரண்டு பெரிய பெயர்களுக்கும் இது ஒன்றே மூலப்பொருள், வேறு திராட்சை ஒரு சொட்டுகூடச் சேர்க்கக் கூடாது என்பது சட்டம். ஒரு வெள்ளைத் தாளின் மேல் கோப்பையைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள், கீழே இருக்கும் எழுத்து தெரியும். ஓரத்தில் செங்கல் நிறம் தட்டும், அதுவும் சில வருடங்களிலேயே. மூக்கில் ரோஜா, கூடவே தார் வாசனை. சரி, மென்மையான ஒயின் போலிருக்கிறது என்று ஒரு மடக்கு குடித்தால், பச்சை வாழைப்பூவைக் கடித்தது மாதிரி ஈறும் கன்னமும் ஒட்டிக்கொள்ளும். ஐந்தில் வெளிறியவற்றில் ஒன்று இது, துவர்ப்பிலோ பெரிய முரடு.

காரணம் திராட்சைத் தோலில் இருக்கிறது. நிறத்தைத் தருவது அந்தோசயனின்கள், துவர்ப்பைத் தருவது டானின்கள், இரண்டும் வேறு வேறு சரக்கு. நெபியோலோவின் தோலில் டானின் மண்டிக் கிடக்கும், ஆனால் அதன் நிறமிகளில் பெரும்பங்கு எளிதில் ஆக்சிஜனேற்றம் ஆகிவிடும் வகை, அதனால் நிறம் சீக்கிரம் கழன்றுவிடுகிறது. அந்த டானின் கொஞ்சம் அடங்கட்டும் என்றுதான் பரோலோவைக் குறைந்தது 38 மாதம் (அதில் 18 மாதம் மரத்தில்) வைத்திருந்த பிறகே விற்கலாம் என்று விதி, பார்பரெஸ்கோவுக்கு 26 மாதம். அதற்குப் பிறகும் அது உடனே இறங்கி வராது. பரோலோவுக்குள்ளேயே ஊருக்கு ஊர் குணம் மாறும்: லா மோர்ரா பக்கத்து ஒயின் சற்று முன்னதாகவே இணக்கமாகிவிடும், செர்ராலுங்கா பக்கத்துக்காரர் லேசில் மசியமாட்டார்.

அதே குன்றில், பல சமயம் அடுத்த வரப்பிலேயே, பார்பெரா. இது அப்படியே தலைகீழ்! கருஞ்சிவப்பு, கத்தரிக்காய்த் தோலின் நிறம் தட்டும், ஆனால் துவர்ப்பு பெயருக்குத்தான், புளிப்பு மட்டும் தூக்கல். கோப்பையைப் பார்த்து மிரண்டவர் குடித்ததும் 'இவ்வளவுதானா' என்பார். நெபியோலோ சீக்கிரமே துளிர்விட்டு, கடைசியில் அக்டோபரில் பழுக்கும் இரகம், வெயில் போதாவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும், ஆகவே ஆல்பா பகுதி விவசாயி தெற்கு பார்த்த நல்ல சரிவை அதற்குக் கொடுத்துவிட்டு மிச்ச மண்ணில் பார்பெராவை நட்டான். மிச்சத்தில் நட்டதற்கு மிச்ச மரியாதைதான் கிடைத்தது. அதுவும் போதாதென்று 1986இல் விலை மலிந்த ஒயினில் மெத்தனால் கலந்து விற்றதில் 20க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். மாட்டிக்கொண்டதில் பார்பெராவும் இருந்தது, யோக்கியமாகத் தொழில் செய்தவனும் சேர்ந்து அடி வாங்கினான்.

அது மீண்ட கதையில் ஜாக்கோமோ பொலோஞ்ஞா என்ற அஸ்தி பகுதிக்காரரின் பெயர் வரும். 1982 அறுவடையிலிருந்து பார்பெராவைச் சின்ன ஓக் பீப்பாயில் வைத்து 'பிரிக்கோ தெல் உச்செல்லோனே' என்ற பெயரில் வெளியிட்டார், திராட்சையில் இல்லாத டானினை மரம் கொடுத்தது. அதே அஸ்தி பக்கத்தில் பார்பெராவில் மட்டுமே எடுக்கும் நிட்சா என்ற ஒயின் 2014 அறுவடையிலிருந்து தனி மேல்நிலைப் பட்டம் பெற்றுவிட்டது. எனக்கென்னவோ மரம் அதிகம் படாத சாதாரண பார்பெராதான் பிடிக்கும். கொழுப்பும் வெண்ணெயும் மிதக்கும் பியமோந்தே சாப்பாட்டுக்கு அந்தப் புளிப்பு அத்தனை பொருத்தம், அதன்மேல் ஓக்கின் வெனிலா வாசனையைப் பூசுவது எதற்கு?

டஸ்கனியின் சாஞ்சோவேசே இந்த இரண்டுக்கும் நடுவில். நடுத்தர நிறம், நடுத்தரத்துக்குச் சற்று மேலே துவர்ப்பு, நல்ல புளிப்பு, புளிப்பு செர்ரி, காய்ந்த மூலிகை வாசம். இத்தாலியில் மிக அதிகப் பரப்பில் பயிராகும் சிவப்புத் திராட்சை இதுதான், அதனால் இதன் தரம் பாதாளத்திலிருந்து ஆகாயம் வரை. இதற்கு நேர்ந்த அநியாயத்தைச் செய்தது பூச்சியோ பனியோ அல்ல, சட்டம். 1967இல் டஸ்கனியின் பெயர்போன சாஞ்சோவேசே ஒயினான கியாந்திக்கு விதி எழுதியபோது 10 முதல் 30 சதவீதம் வெள்ளைத் திராட்சை கலந்தே ஆக வேண்டும் என்று எழுதிவைத்தார்கள். சிவப்பு ஒயினில் வெள்ளைத் திராட்சை! நல்லதாகச் செய்ய நினைத்த சிலர் 1970களில் கியாந்தி என்ற பெயரையே தூக்கிப்போட்டுவிட்டு, வெறும் 'மேசை ஒயின்' என்ற கடைசி வகுப்பில் விற்றார்கள். அன்தினோரி குடும்பத்தின் தின்ஞானெல்லோ அப்படி வந்ததுதான், விலையோ மேசைக்கு எட்டாதது. கியாந்தியின் பழைய மூலப் பகுதியான கியாந்தி கிளாசிக்கோவில் வெள்ளைத் திராட்சைக்கு முழுத் தடை 2006 அறுவடையோடுதான் வந்தது. இப்போது அதில் குறைந்தது 80 சதவீதம் சாஞ்சோவேசே.

தெற்கே மொன்தால்சினோவில் எடுக்கும் புருனெல்லோ முழுக்க முழுக்க சாஞ்சோவேசே. 2008இல் சிலர் வேறு திராட்சையைக் கலக்கிறார்கள் என்று வழக்கும் விசாரணையுமாக ஊர் நாறியது, அந்த வருடமே அங்கத்துத் தயாரிப்பாளர்கள் வாக்கெடுத்து நூறு சதவீதத்தை மாற்ற மாட்டோம் என்று பெரும்பான்மையாக முடிவு செய்தார்கள். கலப்புக்கு ஆசை வந்ததன் பின்னணியிலும் இந்த நிறப் பித்துதான் இருக்கிறது. வெளிநாட்டுச் சந்தைக்குக் கருமை வேண்டும், சாஞ்சோவேசே இயல்பிலேயே கருக்காது, கருநிறம் தரும் மெர்லோ என்ற பிரெஞ்சுத் திராட்சையைக் கொஞ்சம் ஊற்றினால் காரியம் முடிந்தது. அதனால் மொன்தால்சினோ பாட்டில் மை மாதிரி இருந்தால் நான் சந்தேகப்படுவேனே தவிர சந்தோஷப்பட மாட்டேன். தக்காளி போட்ட எதற்கும் இதைவிடத் தோதான ஒயின் கிடையாது, தக்காளியின் புளிப்புக்கு ஈடுகொடுக்கத் தானும் புளிக்க வேண்டும்.

அடுத்தது எரிமலைக்காரர்கள் இருவர். சிசிலியின் எட்னா மலையில் நெரெல்லோ மஸ்கலேசே, தென் இத்தாலியின் கம்பானியாவிலும் பசிலிகாட்டாவிலும் அல்யானிக்கோ. ஒன்றை 'மத்தியதரைக் கடலின் பர்கண்டி' என்றும் மற்றதைத் 'தெற்கின் பரோலோ' என்றும் பட்டம் கட்டி விற்கிறார்கள். இரண்டுமே பாதி உண்மை, மீதி வியாபாரம்.

நெரெல்லோ வெளிறிய சிவப்பு, அதைப் பார்த்துத்தான் வெளிறிய சிவப்பு ஒயினுக்குப் பெயர்போன பிரான்சின் பர்கண்டி என்கிறார்கள். ஆனால் வாயில் வைத்தால் துவர்ப்பு நெபியோலோ பக்கம் சாய்கிறது, டிஎன்ஏ சோதனையோ சாஞ்சோவேசேயின் பிள்ளை என்கிறது. எட்னாவின் வடக்குச் சரிவில், ரண்டாட்சோ, காஸ்திலியோனே ஊர்களுக்கு மேலே, கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1000 மீட்டர் வரைகூடத் தோட்டம் இருக்கிறது. கம்பிப் பந்தல் இல்லாத பழைய தோட்டங்களில் ஒவ்வொரு கொடியும் ஒற்றைக் கழியில் சாய்ந்து இடுப்பளவு புதராக நிற்கும், அடிமரம் முறுக்கிய கயிறு போல, சுற்றிலும் கறுப்பு மணல், எரிமலைக் கல் அடுக்கிய படிக்கட்டு வரப்பு. உழவு இயந்திரம் உள்ளே போக இடமில்லை, எல்லாம் கைவேலை. ஐரோப்பாவின் கொடிகளை அழித்த ஃபிலாக்சரா பூச்சிக்கு இந்த மணல் பிடிக்காது, ஆகவே வேறு வேரில் ஒட்டுப் போடாமல் சொந்த வேரிலேயே நிற்கும், நூறு வயது தாண்டிய கொடிகள் இன்னும் காய்க்கின்றன. ஐந்து பேரில் மீனோடு சேரும் ஒரே ஆளும் இதுதான், சூரை மீனைத் தீயில் வாட்டினால் இதைத் தாராளமாகத் திறக்கலாம். குறை என்னவென்றால் புகழ் வேகமாக ஏறிவிட்டது, விலையும் கூடவே ஏறிவிட்டது.

அல்யானிக்கோவோ கறுப்பும் துவர்ப்பும் புளிப்பும் ஒருசேர இருக்கும் ஆசாமி. ஐந்தில் நிறம் பொய் சொல்லாத ஒரே இரகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தெற்கு என்றதும் வெயிலில் பழுத்து இனித்துக் கிடக்கும் என்று நினைப்போம், ஆனால் டவுராசி என்ற அல்யானிக்கோ ஒயின் வரும் கம்பானியாவின் இர்ப்பீனியா குளிர்ந்த மலைநாடு, அறுவடை நவம்பர் வரை இழுக்கும், சில வருடம் அதற்குள் மலையுச்சியில் பனி. அதனால்தான் அந்தப் புளிப்பு தங்குகிறது. டவுராசி குறைந்தது 3 ஆண்டு, 'ரிசர்வா' என்ற கூடுதல் காலம் வைத்த வகை என்றால் 4 ஆண்டு கழித்தே வெளியே வரும். இன்னும் கிழக்கே பசிலிகாட்டாவில், அணைந்துபோன வுல்ட்டுரே எரிமலையின் அடிவாரத்தில் எடுப்பது சற்று வேறு, புகையும் இரும்பும் கலந்த வாசம். பரோலோவோடு ஒற்றுமை பொறுமையைச் சோதிப்பதில் மட்டும்தான், ரோஜா வாசனையை இதில் தேடாதீர்கள், கிடைப்பது கரும்பழமும் தோலும் சாம்பலும். ஆட்டுக்கறி இல்லாமல் இதைத் திறப்பது வீண்.

இளசாகக் குடித்தால் இது ஒரு தண்டனை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பத்து வருடம் தாங்கக்கூடிய ஒயினில் காசுக்கு மதிப்பு என்று பார்த்தால், டவுராசி இன்னும் பரோலோவைவிடப் பெரும்பாலும் மலிவு, வுல்ட்டுரே அதைவிடவும் மலிவு. என் காசில் எடுத்துவைப்பது அதைத்தான். யாராவது பரோலோ வாங்கிக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லும் ஆள் நான் இல்லை.